ஒரு கடனட்டையை இன்னொரு கடனட்டையால் அடைக்கக் கையெழுத்திடும் முன்னர்

மட்டக்களப்பில் அரச அலுவலகங்களுக்கும் பாடசாலைகளுக்கும் சம்பள நாளை அண்டி வரும் கடனட்டை விற்பனைப் பிரதிநிதிகளைப் பலரும் அறிவீர்கள். இப்போது அவர்கள் புதிய அட்டையை மட்டும் விற்பதில்லை. வேறொரு வங்கியின் அட்டையில் உங்களுக்கு இருக்கும் கடனைத் தங்கள் வங்கிக்கு மாற்றி, வட்டியில்லாத தவணைகளாகக் கட்டலாம் என்றும் சொல்கிறார்கள். பலன்ஸ் ட்ரான்ஸ்பர், அதாவது நிலுவை மாற்றம், எனப்படும் இந்த ஏற்பாடு தன்னளவில் மோசடியன்று. ஒழுங்காகச் செய்யப்பட்டால் உண்மையாகவே காசு மிஞ்சும். ஆனால் எனக்கு வாயால் சொல்லப்பட்டது ஒன்று, வங்கியின் கணக்கில் பதியப்பட்டது வேறொன்று. முறைப்பாடு இன்னும் விசாரணையில் இருப்பதால் இரு வங்கிகளின் பெயர்களையும் இங்கே குறிப்பிடவில்லை.

என் பழைய அட்டையில் 300,000 ரூபாய் நிலுவை இருந்தது. அம்மாவின் சத்திரசிகிச்சைச் செலவும் மகளுக்கு வாங்கிய மடிக்கணினியும் சேர்ந்த தொகை அது. 2020 ஓகஸ்டில் இலங்கை மத்திய வங்கி கடனட்டை வட்டிக்கு ஆண்டுக்கு 18 சதவீதம் என்று உச்சவரம்பு விதித்திருந்த காலத்தில் எடுத்த அட்டை. 2022 ஏப்ரலில் அந்த வரம்பு நீக்கப்பட்டதும் வட்டி ஏறியது. 2023 ஓகஸ்டில் மீண்டும் வரம்பு வந்தபோது அது 28 சதவீதமாக இருந்தது. 300,000 ரூபாய்க்கு 28 சதவீதம் என்றால் மாதத்துக்கு 7,000 ரூபாய் வட்டி. என் அட்டையில் கட்டவேண்டிய குறைந்தபட்சத் தொகை நிலுவையின் 5 சதவீதம், அதாவது 15,000 ரூபாய். அதில் ஏறத்தாழப் பாதி வட்டிக்கே போய்விட, மீதி மட்டுமே வாங்கிய முதற்பணத்திலிருந்து கழியும். இந்த நிலையில் உள்ள ஒருவருக்கு 12 மாதத் தவணை, மாதம் 25,000 ரூபாய், வட்டி பூச்சியம் என்ற சொற்கள் எவ்வளவு பெரிய ஆறுதலாக இருக்கும் என்பதை அந்தப் பிரதிநிதிகள் நன்றாக அறிவார்கள்.

எங்கள் அலுவலகத்துக்கு வந்த இளைஞர் மிகவும் மரியாதையாகப் பேசினார். "சேர், ஒரு சதமும் வட்டி இல்லை. காசு உங்கட எக்கவுண்டுக்கு வரும், நீங்க பழைய காட்டைக் கட்டி முடிங்க, மறுகா மாசா மாசம் எங்களுக்குக் கட்டினாச் சரி" என்றார். வேறு கட்டணம் உண்டா என்று கேட்டேன்; இல்லை என்றார். தவணைத் திட்டம் எந்த நாளில் தொடங்கும் என்று கேட்டேன். காசு வந்த அன்றே என்றார். விண்ணப்பப் படிவம் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. தமிழ்ப் படிவம் கேட்டபோது, கொழும்பிலிருந்து வரவில்லை, விடயம் ஒன்றுதான் என்று பதில் கிடைத்தது.

காசு வந்தது, அன்றே பழைய அட்டைக்குக் கட்டினேன். புதிய அட்டையின் முதல் மாதக் கூற்றைப் பார்த்தபோதுதான் நடந்தது விளங்கியது. நிலுவை மாற்றம் என்ற பதிவே அதில் இல்லை. 300,000 ரூபாயும் அட்டையிலிருந்து எடுத்த ரொக்க முற்பணமாகப் பதியப்பட்டு, அதற்கென ஒரு கட்டணமும், காசு எடுத்த நாளிலிருந்தே 28 சதவீத வட்டியும் சேர்க்கப்பட்டிருந்தன. கடையில் பொருள் வாங்கினால் கிடைக்கும் வட்டியில்லாக் காலம் ரொக்க முற்பணத்துக்குக் கிடையாது. முதல் நாளே வட்டி ஓடத் தொடங்கும். நாளொன்றுக்குச் சுமார் 230 ரூபாய். பழைய அட்டையில் எந்த வட்டியிலிருந்து தப்ப நினைத்தேனோ, அதே வட்டி, மேலதிகக் கட்டணத்தோடு புதிய அட்டைக்கு இடம்மாறியிருந்தது.

நகரிலுள்ள கிளைக்குப் போனேன். கிளை முகாமையாளர் பொறுமையாகக் கேட்டார், ஆனால் அட்டைப் பிரிவு கொழும்பில் இருப்பதால் தம்மால் எதையும் திருத்த முடியாது என்றார். தொலைபேசியில் அட்டைப் பிரிவினர், பழைய வங்கியின் மாதக் கூற்றுப் பிரதி விண்ணப்பத்தோடு இணைக்கப்படாததால் நிலுவை மாற்றமாக ஏற்கப்படவில்லை என்றார்கள். அந்தப் பிரதியை நான் பிரதிநிதியின் கையில் கொடுத்திருந்தேன். அவருடைய தொலைபேசி இலக்கம் அதற்குள் பாவனையில் இல்லாமல் போயிருந்தது. தவணைத் திட்டமாக மாற்றக் கேட்டபோது, அதற்கு 5 சதவீதம், அதாவது 15,000 ரூபாய் கட்டணம் உண்டு என்பதும் முதன்முறையாகத் தெரியவந்தது. வட்டி பூச்சியம் என்று சொல்லி இப்படி ஒரு கட்டணம் வாங்கினால் அது பூச்சிய வட்டி ஆகாது. மாதந்தோறும் 25,000 ரூபாய் கழிவதால் ஆண்டு முழுவதும் நம் கையிலிருக்கும் கடன் சராசரியாக 162,500 ரூபாய்தான். அதற்கு 15,000 ரூபாய் என்பது ஆண்டுக்கு 9 சதவீதத்துக்கும் மேல். 28 சதவீதத்தோடு ஒப்பிட்டால் இது குறைவே, அதை மறுக்கவில்லை. அதை முன்னரே சொல்லியிருந்தால் நான் சம்மதித்தே கையெழுத்திட்டிருப்பேன். மறைத்ததுதான் என் முறைப்பாடு.

பழைய அட்டையில் வேறொரு சிக்கல் காத்திருந்தது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கடைசி மாதக் கூற்றில் காட்டிய முழுத் தொகையைக் கட்டினாலும், கூற்று அச்சிட்ட நாளுக்கும் காசு கட்டிய நாளுக்கும் இடையிலான வட்டி அடுத்த கூற்றில்தான் வரும். கடன் முடிந்துவிட்டது என்று நினைத்து அந்த அட்டையை ஒதுக்கி வைத்தால், அந்தச் சிறு தொகைக்குத் தாமதக் கட்டணம் ஏறி, கட்டத் தவறியவர் என்ற பதிவு 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் உருவான கடன் தகவல் பணியகத்துக்கு, நாம் எல்லோரும் கிறிப் என்று சொல்லும் இடத்துக்கு, போய்விடும். என் பெயரிலும் அப்படித்தான் போனது. வீட்டுத் திருத்த வேலைக்குக் கடன் கேட்டு இன்னொரு வங்கிக்குப் போனபோது, அங்கிருந்த உத்தியோகத்தர் என் அறிக்கையைத் திருப்பிக் காட்டினார். பல இலட்சம் ரூபாயைத் தவறாமல் கட்டி முடித்த ஒருவரின் பெயர், அவருக்கு அறிவிக்கப்படாத சில ஆயிரம் ரூபாயால் கறைபடுவது பெரும் அநீதி.

ஆகவே கையெழுத்துக் கேட்பவரிடம், இது நிலுவை மாற்றமா ரொக்க முற்பணமா, கட்டணம் எவ்வளவு, தவணை எந்தத் திகதியில் தொடங்கும், ஒரு தவணை தவறினால் எந்த வட்டிக்குத் திரும்பும் என்பவற்றை வங்கியின் மின்னஞ்சலிலிருந்தே எழுத்தில் தரும்படி கேளுங்கள். அவருடைய வட்ஸ்அப் செய்தி போதாது. புதிய வங்கி பழைய வங்கிக்கு நேரடியாகக் கட்டுவதுதான் முறையான வழி. காசு உங்கள் கணக்குக்கு வரும் என்று சொன்னாலே காரணம் கேளுங்கள். காசு கைமாறும் வரை பழைய அட்டையின் குறைந்தபட்சத் தொகையைக் கட்டிக்கொண்டிருங்கள். தவணை முடியும்வரை புதிய அட்டையில் வேறெதையும் வாங்காமலிருப்பது நல்லது, ஏனெனில் முழு நிலுவையும் கட்டப்படாத அட்டையில் புதிய கொள்வனவுக்கும் வட்டி விழக்கூடும். அட்டையை உரசிக் காசு தருகிறோம், தரகு மட்டும் கொடுங்கள் என்று சொல்லும் கடைக்காரர்களிடம் போகவே வேண்டாம். அது அட்டை ஒப்பந்தத்தையே மீறும் செயல்.

முறைப்பாட்டை முதலில் வங்கிக்கு எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்பம் வாங்க வேண்டும். பதில் திருப்தி தராவிட்டால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தை 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். வங்கிகள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் நிதி ஒம்புட்ஸ்மனிடமும் போகலாம். நான் மத்திய வங்கிக்கு எழுதிய பின்னர்தான் மீதிக் கடன் தவணைகளாக மாற்றப்பட்டது. பழைய வங்கி தாமதக் கட்டணத்தைத் திருப்பித் தந்து, நிலுவை எதுவும் இல்லை என்ற கடிதத்தையும் கொடுத்தது. அந்தக் கடிதத்தைக் கையில் வாங்காமல் யாரும் பழைய அட்டையை வெட்டி எறிய வேண்டாம். ரொக்க முற்பணமாகப் பதிந்த காலத்துக்கான வட்டியும் கட்டணமும் இன்னும் திரும்பவில்லை. கிறிப் பதிவைத் திருத்தும் கோரிக்கையும் நிலுவையில் இருக்கிறது. இதே வாக்குறுதியில் இதே மாதிரிக் கையெழுத்திட்டவர்கள் இம்மாவட்டத்தில் வேறும் இருந்தால், முதல் மாதக் கூற்றின் பிரதியோடு தாமும் தனித்தனியே முறையிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.