மோடம் மாறிய வீட்டில் டிபி-லிங்க் ஆர்ச்சர் சி6: பார்க்க வேண்டியதும் தொடக் கூடாததும்

ஃபைபர் லைனில் மோடம் பழுதாகி, லைன்மேன் வேறொன்றை மாட்டிவிட்டுக் கிளம்பியதும் பல வீடுகளில் எழும் முதல் புகார்: "வைஃபை காட்டுது, நெட் வரல." பழி ரூட்டர் மேல் விழும். யாராவது ஒருவர் குண்டூசியை எடுத்து ரீசெட் துளையில் அழுத்துவார். அத்தோடு, இருந்த ஒரே நல்ல செட்டிங்கும் போய்விடும்.

டிபி-லிங்க் ஆர்ச்சர் சி6 நம் வீடுகளில் நிறைய இருக்கும் ரூட்டர். அதன் வேகத்தைப் பற்றிப் போதுமான அளவு எழுதியாகிவிட்டது. மோடம் மாறும்போது அது எப்படி நடந்துகொள்கிறது, எங்கே கை கொடுக்கிறது, எங்கே குழப்புகிறது என்பதுதான் இங்கே விஷயம். சுருக்கமாகச் சொன்னால், இந்த விலைப் பிரிவில் பிரச்சினையைக் கண்டுபிடிக்கத் தேவையான எல்லாமே இதில் இருக்கிறது. ஆனால் பெட்டியோடு வரும் வழிகாட்டித் தாள் அதில் முக்கால்வாசியைச் சொல்வதில்லை.

ரூட்டரைத் தொடுவதற்கு முன் புது மோடத்தைப் பாருங்கள். நாம் மோடம் என்று சொல்வது உண்மையில் ஓஎன்டி (ONT), ஃபைபரில் வரும் வெளிச்சத்தை நெட் சிக்னலாக மாற்றும் பெட்டி. அதில் பான் (PON) லைட் நிலையாகப் பச்சையில் எரிய வேண்டும், லாஸ் (LOS) லைட் அணைந்திருக்க வேண்டும். லாஸ் சிவப்பாக மின்னினால் வெளிச்சமே வந்து சேரவில்லை என்று அர்த்தம். ஒயர் எங்கோ மடங்கியிருக்கும், அல்லது கனெக்டர் முனையில் தூசி இருக்கும். பச்சைத் தலை கனெக்டரை நீலத் தலைக்கான துளையில் செருகினாலும் இதே கதைதான். பச்சையின் முனை சாய்வாக வெட்டப்பட்டது, நீலம் அப்படியில்லை. செருகினால் உள்ளே போகும், ஆனால் வெளிச்சம் சரியாகக் கடக்காது. லாஸ் அணைந்து பான் மட்டும் விட்டுவிட்டு மின்னினால் வெளிச்சம் வருகிறது, ஆனால் புது ஓஎன்டியின் சீரியல் எண்ணை நிறுவனம் தன் பக்கத்தில் இன்னும் பதியவில்லை. பெரும்பாலும் நான்கு எழுத்தும், அடுத்து எண்ணும் எழுத்தும் கலந்த எட்டு இடமுமாக ஓஎன்டியின் அடியில் அச்சிட்டிருக்கும் அந்த எண்ணைக் கஸ்டமர் கேருக்குச் சொல்லிப் பதியச் சொல்ல வேண்டும். இந்த இரண்டிலும் ரூட்டரில் செய்ய எதுவுமில்லை.

பான் நிலையாக எரிகிறது என்றால் இனி சி6 பக்கம் வரலாம். இதன் இன்டர்நெட் லைட் உண்மையிலேயே பயனுள்ளது. பச்சை என்றால் நெட் வருகிறது. ஆரஞ்சு என்றால் கேபிள் சரி, நெட் மட்டும் வரவில்லை. அணைந்திருந்தால் கேபிளே தொடர்பில் இல்லை. ஒற்றை நிற லைட்டை மட்டும் வைத்திருக்கும் மலிவு ரூட்டர்களில் இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கவே அரை மணி நேரம் ஆகும்.

ஆரஞ்சு எரிந்தால் முதலில் இரண்டு பெட்டிகளையும் அணையுங்கள். ஓஎன்டியை மட்டும் போட்டு, பான் நிலைத்த பிறகு இரண்டு நிமிடம் விடுங்கள். அதற்குப் பின் சி6-ஐப் போடுங்கள். இரண்டையும் ஒரே ஸ்விட்சில் சேர்த்துப் போட்டால், ஓஎன்டி தயாராகும் முன்பே ரூட்டர் கேட்டுப் பார்த்துவிட்டு ஓய்ந்திருக்கும்.

அப்படியும் வரவில்லையா? ரூட்டரின் பக்கத்தைத் திறக்க வேண்டியதுதான். பிரவுசரில் 192.168.0.1 என்று அடித்து உள்ளே போய், நெட்வொர்க் பிரிவில் இன்டர்நெட் ஐபி (வெளிப்பக்கத்திலிருந்து ரூட்டருக்குக் கிடைத்த முகவரி எண்) என்ன காட்டுகிறது என்று பாருங்கள். முழுப் பிரச்சினையும் அந்த ஓர் எண்ணில் இருக்கிறது. மற்ற எந்தச் செட்டிங்கையும் அதைப் பார்ப்பதற்கு முன் மாற்றக் கூடாது.

0.0.0.0 என்று இருந்தால்

ரூட்டர் கேட்கிறது, எதிர்ப்பக்கம் பதில் சொல்லவில்லை. மோடம் மாற்றிய வீடுகளில் இதற்கு மிகப் பொதுவான காரணம் ஒன்றுதான். பழைய ஓஎன்டி பிரிட்ஜ் மோடில், அதாவது தரவை அப்படியே கடத்திவிடும் நிலையில் இருந்திருக்கும், யூசர்நேம் பாஸ்வேர்டு போட்டு நிறுவனத்தோடு இணையும் பிபிபிஓஇ (PPPoE) டயல் செய்யும் வேலையை சி6 செய்துகொண்டிருந்திருக்கும். புது ஓஎன்டியை ரூட்டர் மோடிலேயே மாட்டிவிட்டார்கள். இப்போது டயல் செய்வது ஓஎன்டி. சி6-ம் பழைய பழக்கத்தில் டயல் செய்கிறது, அதைக் கேட்க எதிரே யாருமில்லை. சி6-ல் இன்டர்நெட் கனெக்‌ஷன் வகையை பிபிபிஓஇயிலிருந்து, முகவரியைத் தானாகப் பெறும் டைனமிக் ஐபிக்கு மாற்றிச் சேமித்தால், பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் பச்சை எரியும்.

நேர்மாறாகவும் நடக்கும். முன்பு டயல் செய்துகொண்டிருந்தது ஓஎன்டி, புதிதாக வந்தது பிரிட்ஜில் இருக்கிறது. அப்போது சி6-ல் பிபிபிஓஇ தேர்ந்தெடுத்து யூசர்நேமும் பாஸ்வேர்டும் கொடுக்க வேண்டும். பாஸ்வேர்டு மறந்துபோனால் கஸ்டமர் கேரில் மாற்றித் தருவார்கள். ரீசெட் துளையை அழுத்தக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்வதன் காரணம் இதுதான்: பல வீடுகளில் அந்த யூசர்நேம் எழுதி வைத்திருக்கும் ஒரே இடம் ரூட்டரின் நினைவகம்.

எல்லாம் சரியாகக் கொடுத்தும் டயல் ஆகாவிட்டால் மூன்று இடங்களைப் பாருங்கள். ஒன்று, ஓஎன்டியின் எந்த லேன் போர்ட்டில் கேபிள் செருகியிருக்கிறது என்பது. பிரிட்ஜ் மோடில் பல ஓஎன்டிகளில் ஒரு குறிப்பிட்ட போர்ட் மட்டுமே வெளியே வழிவிடும். அது வழக்கமாக முதல் போர்ட். இரண்டாவது, நிறுவனத்தின் சர்வரில் பழைய செஷன் இன்னும் திறந்தே கிடப்பது. இதற்கு மருந்து பொறுமைதான். ரூட்டரைக் கால் மணி நேரம் அணைத்து வையுங்கள். விடாமல் கனெக்ட் பட்டனை அழுத்துவதால் பயனில்லை. மூன்றாவது, விலேன் (VLAN), அதாவது ஒரே ஒயரில் போகும் தரவுகளைப் பிரித்தறிய வைக்கும் எண். சில இணைப்புகளில் வெளியே போகும் தரவில் ஒரு விலேன் எண் சேர வேண்டும். பழைய ஓஎன்டி அதைச் சேர்த்துக் கொடுத்திருக்கலாம், புதியது அப்படியே கடத்திவிடலாம். சி6-ல் இதற்கு ஐபிடிவி/விலேன் என்ற பக்கத்தில் கஸ்டம் தேர்ந்தெடுத்து இன்டர்நெட் விலேன் எண்ணைப் போடலாம். அந்த எண்ணை நிறுவனத்திடம் கேட்டு வாங்குங்கள், குருட்டாம்போக்கில் போட வேண்டாம். ஓஎன்டியும் சேர்த்து, ரூட்டரும் சேர்த்தால் மறுபடி 0.0.0.0 தான்.

லோக்கல் கேபிள்காரர்களிடம் வாங்கிய இணைப்பு என்றால் இன்னொன்றும் உண்டு. சிலர் இணைப்பை ஒரு மேக் (MAC) முகவரியோடு, அதாவது ஒரு பெட்டிக்கே உரிய அடையாள எண்ணோடு கட்டிவைப்பார்கள். முன்பு டயல் செய்தது பழைய மோடம் என்றால், கட்டியிருப்பது அதன் மேக். சி6-ன் இன்டர்நெட் பக்கத்தில் மேக் குளோன் என்ற பகுதியில், பழைய மோடத்தின் அடியில் ஒட்டியிருக்கும் பன்னிரண்டு இலக்க முகவரியை அப்படியே தட்டச்சிடலாம். பழைய பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும் முன் அதன் அடிப்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

192.168 என்று தொடங்கினால்

ஓஎன்டியும் ரூட்டராக வேலை செய்கிறது, அதன் பின்னால் சி6 இன்னொரு ரூட்டராக நிற்கிறது. இதைத்தான் டபுள் நாட் என்கிறார்கள். யூடியூப், வாட்ஸ்அப், ஆபீஸ் வேலை எல்லாம் ஓடும். சிக்குவது சிசிடிவியை வெளியிலிருந்து பார்க்க வழிவிடும் போர்ட் ஃபார்வர்டிங், சில ஆன்லைன் கேம்கள், ஓஎன்டியின் வைஃபையில் இருக்கும் போனிலிருந்து சி6-ல் இருக்கும் பிரின்டரைத் தேடுவது போன்றவை.

இதற்குச் சரியான தீர்வு, வீட்டில் யார் ரூட்டர் என்று ஒருவரை முடிவு செய்வது. ஓஎன்டியைப் பிரிட்ஜுக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். மறுத்துவிட்டால் சி6-ஐ, வைஃபையை மட்டும் பரப்பும் ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றுங்கள். ஆபரேஷன் மோட் பக்கத்தில் அதைத் தேர்ந்தெடுத்ததும் ரூட்டர் தானே ரீஸ்டார்ட் ஆகும். அதன் பிறகு 192.168.0.1 திறக்காமல் போனால் பயந்துவிட வேண்டாம். சி6-க்கு இப்போது முகவரி தருவது ஓஎன்டி. ஓஎன்டியின் இணைந்த சாதனங்கள் பட்டியலில் அந்தப் புது முகவரி இருக்கும். ஆக்சஸ் பாயின்ட்டாக மாறியதும் பேரன்டல் கன்ட்ரோல், போர்ட் ஃபார்வர்டிங் போன்றவை சி6-ல் இருக்காது, அவற்றை ஓஎன்டியில்தான் அமைக்க வேண்டும். பிள்ளைகளுக்காக நேரக் கட்டுப்பாடு வைத்திருக்கும் வீடுகளுக்கு இது பெரிய இழப்பு. அவர்கள் டபுள் நாட்டோடு இருந்துவிடுவதே மேல்.

இங்கே ஒரு மறைமுகச் சிக்கலும் உண்டு. ஓஎன்டியின் உள் முகவரியும் சி6-ன் உள் முகவரியும் ஒரே வரிசையில் (இரண்டும் 192.168.0 என்று தொடங்குவது போல) அமைந்துவிட்டால், சி6 அதை உணர்ந்து தன் முகவரியைத் தானே மாற்றிக்கொள்ளும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் டிவிஆருக்கும் (கேமராப் பதிவுப் பெட்டி) பிரின்டருக்கும் கையால் நிலையான ஐபி கொடுத்திருந்தால் அவை பழைய வரிசையிலேயே நின்றுவிடும். போன்களில் நெட் வரும், கேமரா மட்டும் வராது. முதலில் ஓஎன்டியின் முகவரியை வேறு வரிசைக்கு மாற்றிவிட்டு, பிறகு லேன் பக்கத்தில் சி6-க்குப் பழைய முகவரியையே கொடுத்தால் சரியாகிவிடும்.

இன்டர்நெட் ஐபி 192.168-க்குப் பதில் 100-ல் தொடங்கி, அடுத்த எண் 64-க்கும் 127-க்கும் நடுவில் இருந்தால் நிறுவனம் பல வீடுகளுக்குப் பொதுவான முகவரியைப் பங்கிட்டுக் கொடுக்கிறது. நெட் நன்றாகவே ஓடும். வெளியிலிருந்து வீட்டு டிவிஆரை நேரடியாகத் திறப்பது மட்டும் முடியாது, ரூட்டரில் என்ன மாற்றினாலும் முடியாது. ஸ்டேட்டிக் ஐபி தனியாக வாங்க வேண்டும், அல்லது கேமரா நிறுவனத்தின் கிளவுட் ஆப்பில் பார்க்க வேண்டும்.

ஐபி வருகிறது, பக்கம் திறக்கவில்லை

கம்ப்யூட்டரின் கமாண்ட் விண்டோவில் ping 1.1.1.1 என்று அடித்துப் பாருங்கள். அதற்குப் பதில் வந்து, பக்கங்கள் மட்டும் திறக்காவிட்டால் சிக்கல் டிஎன்எஸ் (DNS), அதாவது தளத்தின் பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தரும் சேவை. பழைய மோடத்தின் முகவரியான 192.168.1.1-ஐ யாரோ சி6-ல் டிஎன்எஸ்ஸாகக் கொடுத்து வைத்திருக்கலாம். புது மோடத்தின் முகவரி 192.168.100.1 ஆக இருந்தால், இல்லாத வாசலைத் தட்டிக்கொண்டே இருக்கும். தானாகப் பெறுவதற்கு மாற்றுங்கள், அல்லது 1.1.1.1-ம் 8.8.8.8-ம் கொடுங்கள்.

சில தளங்கள் திறந்து, சில பாதியில் தொங்கினால் எம்டியு (MTU), அதாவது ஒரு தடவையில் அனுப்பும் பாக்கெட்டின் உச்ச அளவைப் பாருங்கள். சாதாரண பாக்கெட்டின் அளவு 1500 பைட். பிபிபிஓஇ தனக்கென்று 8 பைட் எடுத்துக்கொள்வதால் 1492-க்கு மேல் போகக் கூடாது. சந்தேகமிருந்தால் 1480 போதும்.

வேகம் சரியாக 94 எம்பிபிஎஸ் அருகில் வந்து நின்றால் பிளானைத் திட்ட வேண்டாம். சி6-ன் ஐந்து போர்ட்களும் கிகாபிட்தான். ஆனால் பல சின்ன ஓஎன்டிகளில் ஒரு போர்ட் மட்டும் கிகாபிட், மற்றது 100 எம்பிபிஎஸ். கேபிளை மாற்றிச் செருகுங்கள். போர்ட் சரியென்றால் கேபிளைச் சந்தேகியுங்கள். எட்டுக் கம்பிகளில் ஒன்று விட்டிருந்தாலும் இணைப்பு 100-க்கு இறங்கிவிடலாம்.

வைஃபை விஷயம் எளிது. புது ஓஎன்டியின் வைஃபையை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் போன் அதையும் இதையும் பிடித்துத் தவிக்கும். பழைய மோடத்தின் வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்து மாறாமல் சி6-க்குக் கொடுத்தால் டிவி, பிரின்டர், ஸ்மார்ட் பிளக் எதையும் மறுபடி இணைக்க வேண்டியிருக்காது. பழைய சாதனங்கள் இருந்தால் வைஃபை பாதுகாப்பு வகையை டபிள்யூபிஏ2 (WPA2) என்றே வைத்திருங்கள்.

குறைகள் என்று பார்த்தால், குயிக் செட்டப்பில் வரும் ஆட்டோ டிடெக்ட் முதலாவது. ஓஎன்டி முழுதாகத் தயாராகாத நேரத்தில் அழுத்தினால் கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொல்லும், அல்லது தவறான வகையைக் காட்டும். அதை நம்பாமல் கையாலேயே தேர்ந்தெடுங்கள். யுஎஸ்பி போர்ட் கிடையாது, அதனால் மோடம் செத்துக் கிடக்கும் நாட்களில் டாங்கிள் செருகிச் சமாளிக்க வழியில்லை. வைஃபை 5 தலைமுறை. 5 கிகாஹெர்ட்ஸில் 867 எம்பிபிஎஸ் என்று போட்டிருப்பது லிங்க் வேகம், கைக்கு வருவது அதில் பாதியை ஒட்டித்தான் இருக்கும். 300 எம்பிபிஎஸ் வரையிலான பிளானுக்கு இது தாராளம். அதற்கு மேல் போகிறவர்கள் வைஃபை 6 ரூட்டர் பார்ப்பது நல்லது.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் சிஸ்டம் டூல்ஸில் பேக்கப் அண்ட் ரீஸ்டோர் பக்கத்துக்குப் போய் செட்டிங்குகளை ஒரு ஃபைலாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஃபைலின் பெயரில் ரூட்டரின் ஹார்டுவேர் வெர்ஷனையும் சேர்த்து எழுதுங்கள். சி6-ல் பல வெர்ஷன்கள் உண்டு, ஒன்றின் ஃபர்ம்வேர் இன்னொன்றுக்கு ஆகாது. வெர்ஷன் எண் அடியில் உள்ள ஸ்டிக்கரில் இருக்கும். அதே ஸ்டிக்கரில் எத்தனை வோல்ட் என்றும் பார்த்துவிடுங்கள். ஓஎன்டி அடாப்டரும் ரூட்டர் அடாப்டரும் ஒரே மாதிரி பின்னோடு வருவதால், மோடம் மாற்றுகிற அவசரத்தில் இடம் மாறிவிடுவது சகஜம். 12 வோல்ட் கேட்கும் பெட்டிக்கு 9 வோல்ட் போனால் லைட் எரியும், ஆனால் அடிக்கடி தானே ரீஸ்டார்ட் ஆகும்.