கோயம்புத்தூர்ல சர்வர், கோவில்பட்டில டிவி: டெயில்ஸ்கேல் ஒரு வருஷ ரிவ்யூ

என் வீட்டு ஷெல்ஃப்ல ஒரு பழைய ஐ3 லேப்டாப், அதுல 4 டிபி டிஸ்க், மேல ஜெல்லிஃபின், அதாவது நம்ம டிஸ்க்ல இருக்க வீடியோவ டிவிக்கு அனுப்புற சாஃப்ட்வேர். படம்லாம் கொஞ்சம் தான், பாதிக்கு மேல குடும்ப வீடியோ. அக்கா காதுகுத்து, சித்தி கல்யாணம்னு பழைய விஎச்எஸ் கேசட்டெல்லாம் ஸ்டுடியோல குடுத்து ஃபைலா மாத்தி வச்சது. சித்தி கல்யாணத்துல தாத்தா பந்தில நின்னு பாயசம் ஊத்திக்கிட்டு வர்ற மாதிரி ஒரு சீன் இருக்கு, அத கோவில்பட்டில அம்மா டிவில பாக்கணும், இவ்ளோதான் தேவை. அதுக்கு வழி போட்டு குடுத்தது தான் இந்த டெயில்ஸ்கேல்.

இதே வேலைய பண்ற ப்ளெக்ஸ் ஏன் இல்லன்னா, 2025 ஏப்ரல் 29ல இருந்து வெளிய இருந்து பாக்கறத அவங்க காசு மேட்டர் ஆக்கிட்டாங்க, சர்வர் வச்சிருக்கவன் பாஸ் வாங்கணும் இல்ல பாக்கறவங்க தனியா கட்டணும். ஜெல்லிஃபின் மொத்தமும் ஃப்ரீ, 2018 கடைசில எம்பி (Emby)ங்கிற இன்னொரு மீடியா சர்வர்ல இருந்து பிரிஞ்சு வந்தது. ஆனா அது சர்வரும் ஆப்பும் மட்டும் தான் தரும், வெளிய இருந்து வீட்டுக்குள்ள வர்ற வழிய நம்மளே தான் போட்டுக்கணும். அங்க தான் நான் நாலு ராத்திரி தூங்கல.

ரௌட்டர்ல 8096 போர்ட்ட (ஜெல்லிஃபினோட கதவு நம்பர்) லேப்டாப்புக்கு ஃபார்வர்ட் பண்ணேன், விண்டோஸ் ஃபயர்வால்ல ரூல் போட்டேன், லேப்டாப்புக்கு ஃபிக்ஸ்டு ஐபி குடுத்தேன், ரௌட்டர ரீசெட் அடிச்சு முதல்ல இருந்து இன்னொரு தடவ பண்ணேன், மொபைல் டேட்டால தொறந்தா சுத்திக்கிட்டே இருக்கு. முதல் ராத்திரியே பாத்திருக்க வேண்டியது ரெண்டே நிமிஷ வேலை: ரௌட்டர் பேஜ்ல வான் ஐபின்னு (இன்டர்நெட் கம்பெனி ரௌட்டருக்கு குடுத்த அட்ரஸ்) ஒன்னு காட்டும், கூகுள்ல "வாட் இஸ் மை ஐபி"னு தேடினா ஒன்னு வரும், ரெண்டும் ஒன்னா இருக்கான்னு பாருங்க. எனக்கு ரௌட்டர்ல 100.72னு ஆரம்பிச்சுச்சு. 100.64ல இருந்து 100.127 வரைக்கும் எது வந்தாலும் சிஜிநாட், அதாவது ஒரே பப்ளிக் ஐபிய இன்டர்நெட் கம்பெனி பல வீட்டுக்கு பங்கு போட்டு குடுத்திருக்கு. வெளிய இருந்து வர்ற கனெக்ஷன் கம்பெனி வாசல்லயே நின்னுடும், நீங்க வீட்டு ரௌட்டர்ல எத்தன கதவ தொறந்து வச்சும் புண்ணியமில்ல. கஸ்டமர் கேர்ல கேட்டா ஸ்டாட்டிக் ஐபிக்கு மாசாமாசம் தனி காசாம். சரி போங்கடான்னு டெயில்ஸ்கேல் பக்கம் வந்தேன்.

இது வயர்கார்டுங்கிற டெக்னாலஜி மேல ஓடுற ஒரு விபிஎன், அதாவது இன்டர்நெட் வழியாவே நம்ம டிவைஸ்களுக்கு மட்டும் ஒரு தனி நெட்வொர்க். லேப்டாப்ல ஒன்னு, அம்மாவோட ஆண்ட்ராய்டு டிவில ஒன்னு இன்ஸ்டால் பண்ணி ஒரே அக்கவுண்ட்ல லாகின், அவ்ளோதான், ரெண்டும் பக்கத்து ரூம்ல இருக்க மாதிரி ஆயிடும். ரௌட்டர தொடவே வேணாம், ஏன்னா ரெண்டு பக்கமும் உள்ள இருந்து வெளிய போய் தான் சந்திச்சுக்குது. ஒரு காமெடி, இதுவும் ஒவ்வொரு டிவைஸுக்கும் 100ல ஆரம்பிக்கிற ஐபி தான் குடுக்கும், அதே ரேஞ்ச்! பாத்ததும் பழைய சனியன் திரும்ப வந்துடுச்சோன்னு பக்குன்னு ஆச்சு.

டிவி ஜெல்லிஃபின் ஆப்ல அந்த ஐபி போட்டு பக்கத்துல 8096 போட்டேன், சர்வர் பேஜ் வந்துச்சு, அம்மா யூசர்ல மட்டும் லாகின் ஆகல. பாஸ்வேர்ட் தப்புன்னு மூணு தடவ மாத்தினேன். கடைசில பாத்தா அந்த யூசர் செட்டிங்ல ரிமோட் கனெக்ஷன் டிக்க நானே எடுத்து வச்சிருக்கேன். டெயில்ஸ்கேல் வழியா வர்றத ஜெல்லிஃபின் வெளியாளா தான் பாக்கும், அதனால அந்த டிக் இருக்கணும்.

அப்புறம் பஃபரிங். அம்மா ஃபோன்ல, "ஏய்யா, தாத்தா வாளியத் தூக்குனாரு, அப்படியே நிக்காரு." லேப்டாப்ல "டெயில்ஸ்கேல் ஸ்டேட்டஸ்"னு கமாண்ட் அடிச்சா டிவி பேருக்கு பக்கத்துல ரிலேன்னு காட்டுச்சு. நேரா இணைய முடியாதப்ப அவங்க சர்வர் வழியா சுத்தி அனுப்புவாங்க, மெசேஜுக்கு ஓகே, வீடியோவுக்கு இழுக்கும். ரெண்டு வீட்டு ரௌட்டர்லயும் ஐபிவி6 (பங்கு போட வேண்டியதில்லாத புது வகை ஐபி) ஆஃப்ல கெடந்துச்சு, ஆன் பண்ணதும் டைரக்ட்னு மாறிடுச்சு. ஆனாலும் அந்த கேசட் ஃபைல் மட்டும் திக்கிச்சு, அது எம்பெக்2ங்கிற பழைய ஃபார்மட், டிவிக்கு ஏத்த மாதிரி மாத்தி அனுப்ப சிபியு 100% போய் லேப்டாப் தோசைக்கல்லு மாதிரி கொதிக்குது. ஜெல்லிஃபின் ட்ரான்ஸ்கோடிங் (ஃபார்மட் மாத்துற) செட்டிங்ல க்விக் சிங்க் ஆன் பண்ணேன், அந்த வேலைய இன்டெல் சிப்ல இருக்க வீடியோ பகுதிக்கு விடுற ஆப்ஷன், ஃபேன் சத்தமே அடங்கிடுச்சு. நெட்ட திட்டுறதுக்கு முன்னாடி இதையும் ஒரு தடவ பாத்துடுங்க.

ஆறு மாசம் நிம்மதி. திடீர்னு ஒரு நாள் அம்மாவுக்கு வரல, என் வீட்டு டிவில ஜம்முனு ஓடுது, அதனால நானும் "அம்மா, நீ ரிமோட்ல எதையாச்சும் அமுக்கிட்டியா"ன்னு ரெண்டு நாள் அவங்களயே கேட்டுட்டு இருந்தேன், பாவம். வீட்டுக்குள்ள நான் 192.168ல ஆரம்பிக்கிற வீட்டு ஐபில பாக்கறேன், அதுக்கும் டெயில்ஸ்கேலுக்கும் சம்பந்தமே இல்ல. அட்மின் பேஜ்ல போய் பாத்தா லேப்டாப் பேருக்கு பக்கத்துல எக்ஸ்பயர்டு. டீஃபால்ட்டா 180 நாளைக்கு ஒருக்கா திரும்ப லாகின் கேக்கும். செக்யூரிட்டிக்கு நல்லது தான், ஆனா சர்வருக்கும் அம்மா டிவிக்கும் அத ஆஃப் பண்ணிடுங்க, அந்த டிவைஸ் மெனுல டிசேபிள் கீ எக்ஸ்பைரின்னு இருக்கும். இன்ஸ்டால் பண்ற அன்னிக்கே பண்ணிடுங்க.

ரேட்டிங் 4.5/5. அரைய ஏன் புடிச்சேன்னா சாம்சங் டைசன் டிவிக்கும் எல்ஜி வெப்ஓஎஸ்க்கும் டெயில்ஸ்கேல் ஆப் கெடையாது. தூத்துக்குடி பெரியம்மா வீட்ல டைசன் தான், அவங்களும் சித்தி கல்யாணம் பாக்கணுமாம், ஒரு ஆண்ட்ராய்டு ஸ்டிக் ஆர்டர் போட்டிருக்கேன்.