மருத்துவக் கழிவு எரித்த நிலத்துக்கு மண் பரிசோதனை: ஓர் ஆய்வகச் சேவையை இருமுறை பயன்படுத்திய அனுபவம்

எங்கள் வயலின் கீழ் வரப்பை ஒட்டிய பள்ளத்தில் ஓராண்டுக்கும் மேலாக மருத்துவமனைக் கழிவைக் கொட்டி எரித்து வந்தார்கள். எரிப்பது நின்ற பிறகும் சாம்பல் அங்கேயே கிடந்தது. பெருமழையில் பள்ளம் நிரம்பியபோது, அந்தக் கறுப்புத் தண்ணீர் வரப்பின் உடைப்பு வழியே வயலுக்குள் பாய்ந்தது. இனி இந்த மண்ணில் எதைப் பயிரிடலாம், எதைப் பயிரிடக் கூடாது என்று அறிவதற்காக, தனியார் மண் பரிசோதனை ஆய்வகம் ஒன்றில், ஈயம், காட்மியம் போன்ற நச்சு உலோகங்களை அளக்கும் கன உலோகப் பரிசோதனைச் சேவையை இரண்டு முறை பயன்படுத்தினேன். அவர்களுடைய கருவிகளின் மீது எனக்குக் குறையில்லை. மண்ணை எடுத்த விதத்திலும், எதைக் கேட்க வேண்டும் என்பதை விவசாயிக்குச் சொல்லாமல் விட்டதிலும்தான் குறை இருந்தது. அது சிறிய குறை அல்ல.

முதல்முறை மண் எடுக்க வந்தவர் வயல் முழுவதும் வளைந்து வளைந்து நடந்து, பல இடங்களில் பதினைந்து சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டி, எல்லா மண்ணையும் ஒரு விரிப்பில் கொட்டிக் கலந்து, நான்காகப் பகுத்துக் கழித்து, கடைசியில் அரைக் கிலோவை ஒரு பையில் கட்டினார். தழை, மணி, சாம்பல் சத்துகளை அளந்து உரப் பரிந்துரை தருவதற்கு இது சரியான முறை. சாம்பலில் வந்த நஞ்சைத் தேடுவதற்கு இது பொருந்தாது. ஈயம் களிமண்ணையும் மட்கையும் பற்றிக்கொண்டு, உழாத நிலத்தில் பெரும்பாலும் மேல் சில சென்டிமீட்டரிலேயே தங்கிவிடும். அந்த மெல்லிய மேல் படலத்தைக் கீழ்மண்ணோடு கலந்து, அதையும் வயலின் நல்ல பகுதிகளோடு கலந்தால், இருக்கும் நஞ்சு கணக்கில் கரைந்து போகும். அறிக்கையும் அப்படித்தான் வந்தது: எல்லா உலோகங்களும் வரம்புக்குள். அதை நம்பி அந்த உடைப்பின் ஓரத்தில் கீரை விதைத்திருப்பேன். மண்ணிலுள்ள காட்மியத்தை அதிகமாக இழுத்துக்கொள்ளும் பயிர்களில் கீரை வகைகள் முன்னணியில் இருக்கின்றன என்பதை எண்ணும்போது இப்போதும் மனம் பதைக்கிறது.

சந்தேகம் தீராமல் ஆய்வகத்துக்கே நேரில் சென்றேன். அங்கிருந்த மூத்த பகுப்பாய்வாளர் அரைமணி நேரம் ஒதுக்கிப் பொறுமையாக விளக்கினார். இந்தச் சேவையில் நான் மனமாரப் பாராட்டுவது அந்த அரைமணி நேரத்தைத்தான். அவர் சொன்னபடி இரண்டாம் முறை நானே மண் எடுத்தேன். பள்ளத்தின் விளிம்பு, தண்ணீர் பாய்ந்த தடம், அதற்குச் சற்றுத் தள்ளிய மேட்டுப் பாத்தி, புகையும் தண்ணீரும் எட்டாத மேல் வயல் என ஒவ்வோர் இடத்துக்கும் தனிப் பை. ஒவ்வோர் இடத்திலும் மேல் ஐந்து சென்டிமீட்டர் தனியாக, அதற்குக் கீழ் தனியாக. துத்தநாகப் பூச்சுள்ள வாளியையும் கரண்டியையும் தொடவில்லை. அந்தப் பூச்சே துத்தநாக அளவைக் கூட்டிக் காட்டிவிடும். எட்டாத மேல் வயலின் மண் எதற்கு என்று முதலில் எனக்குப் புரியவில்லை. எந்த மண்ணிலும் இயற்கையாகவே ஓரளவு ஈயமும் துத்தநாகமும் இருக்கும் என்பதால், அந்த ஒப்பீடு இல்லாமல் கூடுதலாகச் சேர்ந்தது எவ்வளவு என்று சொல்லவே முடியாது.

இம்முறை அறிக்கை பேசியது. பள்ள விளிம்பிலும் தண்ணீர்த் தடத்திலும் மேல்மண்ணின் ஈயமும் காட்மியமும் மேல் வயலைவிடப் பல மடங்கு இருந்தன. பள்ளத்துக்குப் பக்கத்திலேயே இருந்தாலும் தண்ணீர் ஏறாத மேட்டுப் பாத்தியில் வேறுபாடு மிகக் குறைவு. ஒரே வயல், ஒரே ஆய்வகம், ஒரே கருவி. மண் எடுத்த இடமும் ஆழமும் மாறியதால் விடை தலைகீழானது.

ஆய்வகத்தில் பார்த்த ஒரு காட்சியையும் சொல்ல வேண்டும். மண்ணை உலர்த்தி, இரண்டு மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, கீழே விழும் பொடியை மட்டுமே சோதிக்கிறார்கள். எங்கள் பள்ள விளிம்பு மண்ணைச் சலித்தபோது சல்லடையின் மேல் நின்றவை: உருகிக் கோலிக்குண்டு போல் திரண்ட மருந்துப் புட்டிக் கண்ணாடி, பிளாஸ்டிக் அடிப்பகுதி கருகி ஒட்டிய ஓர் ஊசி, சுருண்டு இறுகிய குழாய்த் துண்டுகள். “சல்லடை மேல் நிற்பதை நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை, ஐயா” என்றார் உதவியாளர். பரிசோதனை விதிப்படி அது சரிதான். ஆனால் வெறுங்காலோடு வயலில் இறங்கிக் களை எடுப்பவருக்கு அந்த ஊசி எந்த உலோக அளவைவிடவும் உடனடியான ஆபத்து. அதை அறிக்கையில் ஒரு வரியாவது குறித்திருக்க வேண்டும்.

அறிக்கை மொத்த அளவை மட்டுமே தருகிறது. பயிர் உறிஞ்சக்கூடிய பங்கு எவ்வளவு என்பதற்கு உலோகங்களைப் பற்றி இழுக்கும் டிடிபிஏ (DTPA) என்ற வேதிப்பொருளின் கரைசலில் பிரித்தெடுக்கும் தனிச் சோதனை உண்டு. கேட்டால் செய்து தருகிறார்கள், கேட்காவிட்டால் சொல்வதில்லை. மண்ணின் அமில காரத் தன்மையையும் சேர்த்துக் கேளுங்கள். சாம்பல் பொதுவாகக் காரத்தன்மை உடையது என்பதால் தொடக்கத்தில் உலோகங்களைப் பிடித்து வைத்திருக்கும். மழையும் அம்மோனிய உரங்களும் மண்ணை மெல்ல மெல்ல அமிலமாக்கும்போது, அடங்கிக் கிடந்த காட்மியம் வேருக்குக் கிடைக்கத் தொடங்கும். இன்று நல்லதாக வரும் முடிவு ஐந்தாண்டுக்குப் பிறகும் அப்படியே இருக்கும் என்று கொள்ள முடியாது.

நான் மன்னிக்க முடியாத குறை ஒன்று உண்டு. டையாக்சின் இந்தச் சேவையில் சேரவில்லை. சேரவில்லை என்பது அறிக்கையின் எந்த மூலையிலும் அச்சாகவில்லை. குளோரின் கலந்த பிவிசி பிளாஸ்டிக்கைத் தாழ்ந்த வெப்பத்தில் எரிக்கும்போது உருவாகும் நஞ்சு அது. அதை அழிக்க 850 டிகிரி செல்சியசுக்கு மேல் வெப்பம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். புகைந்து புகைந்து எரியும் பள்ளத்தில் அதற்கு ஏது வழி? எளிதில் சிதையாத நச்சு வேதிப்பொருள்களைக் கட்டுப்படுத்த 2001இல் ஏற்கப்பட்ட பன்னாட்டு ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை, டையாக்சின் உருவாகும் மூலங்களுள் மருத்துவக் கழிவு எரிப்பையும் திறந்தவெளியில் குப்பை எரிப்பதையும் பெயர் சொல்லியே பட்டியலிட்டிருக்கிறது. இந்த நஞ்சு வேர் வழியே பயிருக்குள் ஏறுவது குறைவு. மண்ணைக் கொத்தும் கோழியின் முட்டைக்கும், மண்ணோடு புல் மேயும் மாட்டின் பாலுக்கும் போய்ச் சேர்கிறது. ஆகவே ‘உலோகங்கள் வரம்புக்குள்’ என்ற வரியைப் படித்துவிட்டு அங்கே மாட்டை அவிழ்த்துவிடும் விவசாயியை இந்த அறிக்கை தவறாக வழிநடத்துகிறது. டையாக்சினை அளக்க, மூலக்கூறுகளை அவற்றின் நிறையை வைத்துப் பிரித்தறியும் உயர்நுட்ப நிறை நிறமாலைக் கருவி தேவை. வெகு சில ஆய்வகங்களிலேயே அது உண்டு, செலவும் உலோகப் பரிசோதனையைவிடப் பல மடங்கு. எல்லோராலும் அது முடியாதுதான். ஆனால் தாங்கள் அளக்காதது எது என்று அச்சிட ஆய்வகத்துக்கு என்ன செலவு?

மற்றபடி, சொன்ன நாளில் அறிக்கை தந்தார்கள், தொலைபேசியில் மரியாதையாகப் பதில் சொன்னார்கள். கன உலோக அளவுக்காக இந்தச் சேவையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். அவர்களுடைய ஆளை மண் எடுக்க அனுப்புவதை மட்டும் ஏற்காதீர்கள். தண்ணீர்த் தடத்தில் இருந்த இரண்டு பாத்திகளை விதைக்காமல் விட்டு, மாடும் கோழியும் போகாதபடி முள்வேலி கட்டியிருக்கிறோம். அந்த இரண்டு பாத்தி மண்ணையும் பழுப்பு நிறக் கண்ணாடிப் புட்டிகளில் அடைத்து, டையாக்சின் அளக்கும் வேறோர் ஆய்வகத்துக்கு இந்த வாரம் அனுப்புகிறேன்.