மின் ஸ்கூட்டருக்கு எதை வாங்குவது, எதை விடுவது: பள்ளத்தூர் சாலையிலிருந்து ஓர் ஒப்பீடு

தேவகோட்டையில் இருக்கும் என் தங்கை போன மாதம் மின் ஸ்கூட்டருக்கு முன்பணம் கட்டினாள். கட்டிய இடத்தில் கூடுதல் சாமான்களின் பட்டியல் ஒன்றைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். கிராஷ் கார்டு, சீட் கவர், கால் மேட், பின்பக்கப் பெட்டி, வண்டி மூடும் உறை, போன் ஸ்டாண்ட். "எல்லாத்தையும் சேர்த்து எடுத்தா குறைச்சுத் தர்றாங்களாம். எடுத்துடவா அக்கா?" என்று போனில் கேட்டாள். பட்டியலை முழுக்கப் படிக்கச் சொன்னேன். ஹெல்மெட் கடைசி வரியில் இருந்தது. கையுறை இல்லை, பஞ்சர் கிட் இல்லை. வீட்டில் சார்ஜ் போடும் பிளக் எப்படி இருக்கிறது என்று அவளை யாரும் கேட்கவும் இல்லை.

நான் மூன்று வருடமாகப் பள்ளத்தூரிலிருந்து கோட்டையூர் வழியாகக் காரைக்குடிக்கு மின் ஸ்கூட்டரில் வேலைக்குப் போய் வருகிறேன். வாங்கி வீணாய்ப் போனவையும் உண்டு, வாங்காமல் விட்டு வருந்தியவையும் உண்டு. அவளிடம் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

ஹெல்மெட்: தாடை மூடியதா, திறந்ததா?

நம் பக்கம் பெண்கள் அதிகம் வாங்குவது முகம் திறந்த ஹெல்மெட்தான். காற்று வரும், கொண்டையும் பூவும் நசுங்காது, எடையும் 300, 400 கிராம் குறைவு. நானும் முதலில் அதைத்தான் வைத்திருந்தேன். ஆனால் ஸ்கூட்டரிலிருந்து முன்பக்கமாக விழுந்தால் முகமும் தரையில் அடிபடலாம். தாடையையும் பல்லையும் திறந்த ஹெல்மெட் காப்பாற்றாது. மின் ஸ்கூட்டர் நின்ற இடத்திலிருந்தே சட்டென்று இழுக்கும். பழகாதவர்கள் முதல் மாதத்தில் தடுமாறுவது அங்கேதான். அதனால் தாடை மூடிய முழு ஹெல்மெட்டுக்கே என் ஓட்டு.

இடையில் ஒரு வகை இருக்கிறது, தாடைப் பகுதியை மேலே தூக்கிவிடும் மாடல். பெட்ரோல் பங்கில் நிற்கும் வேலை நமக்கு இல்லையென்றாலும், கடை வாசலில் பேச, தண்ணீர் குடிக்க வசதி. எடை கூடும், விலையும் கூடும். கண்ணாடி போடுகிற வயதானவர்களுக்கு இதுவே சரி.

எந்த வகையானாலும் ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 4151 என்ற தர எண்ணும் இருக்க வேண்டும். 2021 ஜூன் 1 முதல் இந்த முத்திரை இல்லாத இருசக்கர ஹெல்மெட்டை விற்பதே தவறு. ஆனாலும் சாலையோரத்தில் குவித்து விற்கிறார்கள். தொப்பி மாதிரி இருக்கும் அந்தப் பிளாஸ்டிக், போலீஸுக்குக் காட்ட மட்டும்தான் உதவும். உள்ளே இருக்கும் கெட்டியான தெர்மோகோல் போன்ற அடுக்குதான் அடியை வாங்கிக்கொள்கிறது. ஒரு முறை பலமாக அடிபட்டால் அது உள்ளே நசுங்கிவிடும், வெளியே தெரியாது. அதற்குப் பிறகு அந்த ஹெல்மெட்டை மாற்றியே ஆக வேண்டும்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். 250 வாட்டுக்கும் 25 கிலோமீட்டர் வேகத்துக்கும் உட்பட்ட சிறிய வண்டிகளுக்குப் பதிவும் வேண்டாம், லைசென்ஸும் வேண்டாம். அதனால் ஹெல்மெட்டும் வேண்டாம் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். உட்கார்ந்திருக்கும்போது தலை தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வண்டி நின்றுகொண்டிருக்கும்போது சாய்ந்து விழுந்தாலே, தரையைத் தொடும் நேரத்தில் தலையின் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர் அளவுக்கு வந்துவிடும். சிறிய வண்டி, பெரிய வண்டி என்று சிமெண்ட் சாலை பார்ப்பதில்லை. ஹெல்மெட் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து கோக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பு 2008இல் வெளியிட்ட அறிக்கை, தலைக்காயம் ஏற்படும் அபாயத்தை ஹெல்மெட் 69 சதவீதமும், இறப்பை 42 சதவீதமும் குறைக்கிறது என்கிறது.

கடையில் போட்டுப் பார்க்கும்போது தலையை ஆட்டுங்கள். நெற்றித் தோலும் சேர்ந்து அசைந்தால் அளவு சரி. ஹெல்மெட் மட்டும் சுற்றினால் ஒரு அளவு சிறியது கேளுங்கள். முகக்கண்ணாடி கறுப்பு வேண்டாம், தெளிவானதே போதும். மழைக்காலத்தில் கண்மாய்க் கரை ஓரம் சாயங்காலம் வண்டியில் போனவர்களுக்கு, கண்ணில் அடிக்கும் பூச்சிகளைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

பின்னால் உட்காருகிறவருக்கும் ஒன்று வாங்குங்கள். சட்டமும் அதைத்தான் சொல்கிறது, அபராதம் 1,000 ரூபாய்.

சார்ஜ் போடும் இடம்: எக்ஸ்டென்ஷன் ஒயரா, தனி பாயின்டா, கழற்றும் பேட்டரியா?

பேட்டரியை ஆராய்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953இல் இருந்து காரைக்குடியில் இருக்கிறது. அது இருக்கும் ஊரைச் சுற்றித்தான், பாதி வீடுகளில் எர்த் இல்லாத பிளக்கில் வண்டி சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது. அந்தப் பாதியில் எங்கள் வீடும் ஒன்றாக இருந்தது.

செட்டிநாட்டுப் பழைய வீடுகளின் சிக்கல் வேறு ஊர்க்காரர்களுக்குப் புரியாது. தரைமட்டத்திலிருந்து ஆளுயரத்தில் பாதிக்குத் தளம், அதற்குப் படிகள். வண்டியை உள்ளே ஏற்ற முடியாது. தெருவில் நிறுத்தினால் பிளக் முகப்புக்குள் இருக்கும். முதல் ஆறு மாதம், திண்ணையைத் தாண்டி ஒரு எக்ஸ்டென்ஷன் ஒயரை இழுத்துத்தான் போட்டேன். ஒரு நாள் இரவு பிளக்கைப் பிடுங்கும்போது கை சுட்டது. திருப்பிப் பார்த்தால் பிளாஸ்டிக் பழுப்பாகிச் சுருங்கியிருந்தது. மாமியார் அந்த ஒயரைத் தாண்டித்தான் தினமும் கோலம் போடப் போவார்கள். நினைத்தால் இன்றைக்கும் பதறுகிறது.

ஏன் சூடாகிறது? வீட்டுச் சார்ஜர் 750 வாட் என்று வைத்துக்கொண்டால் 3 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல்தான் இழுக்கும். மிக்சி அளவுதான். ஆனால் மிக்சி ஐந்து நிமிடம் ஓடும், சார்ஜர் நாலைந்து மணி நேரம் விடாமல் ஓடும். பிளக் தளர்ந்திருந்தால் அந்த இடத்தில் சூடு சேர்ந்துகொண்டே போகும். மீதி ஒயரைச் சுருட்டி வைத்திருந்தால் அந்தச் சூடு வெளியேறவும் வழியில்லை. மரச்சட்டத்துக்குள் ஓடும் பழைய ஒயரிங் இருக்கும் வீட்டில் இது சும்மா விடக்கூடிய விஷயமே இல்லை.

தனி பாயின்ட் என்றால் மெயின் போர்டிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரைத் தனியாக இழுத்து, 16 ஆம்பியர் சாக்கெட்டும் அதற்கென்று ஒரு எம்சிபியும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் போடுவது. எம்சிபி இருக்கிறதே, போதாதா என்று எலக்ட்ரீஷியனே கேட்பார். எம்சிபி காப்பாற்றுவது ஒயரை. மின்சாரம் ஆள் மேல் கசிந்தால் கண்டுபிடித்து நிறுத்துவது ஆர்சிசிபி. மழையில் ஈரக் கையோடு பிளக்கைத் தொடுகிற நமக்கு இரண்டும் வேண்டும். எர்த் குழியும் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். பத்து, இருபது வருடம் தண்ணீர் காட்டாத குழி பெயருக்குத்தான் இருக்கும்.

நாங்கள் பின்வாசல் கதவை ஒட்டி, மூடி உள்ள மழை தாங்கும் பெட்டியில் பாயின்ட் வைத்தோம். நம் வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடிவது இதற்கு ரொம்ப உதவி. முன்வாசல் எப்போதும் தடையில்லாமல் இருக்கும். ஒரே வாசல் உள்ள வீட்டில் அந்த வாசலிலும் மாடிப்படிக்கு அடியிலும் சார்ஜ் போடாதீர்கள். ஏதாவது ஆனால் வெளியேறும் வழியே அதுதான்.

கழற்றும் பேட்டரி உள்ள வண்டி மூன்றாவது வழி. மாடியில் குடியிருப்பவர்களுக்கும், ஒயரிங்கைத் தொட அனுமதிக்காத வாடகை வீட்டுக்காரர்களுக்கும் இதுதான் ஏற்றது. ஒரு பேட்டரி சுமார் 10 கிலோ இருக்கும், சிலவற்றில் இரண்டு இருக்கும். நம் படிகளில் அதைத் தினமும் தூக்கி ஏறுவதை யோசித்துப் பாருங்கள். எனக்கு மூன்றில் தனி பாயின்ட்தான். பட்டியலில் இருக்கும் அத்தனை சாமானையும் விட்டுவிட்டு அந்தப் பணத்தை இதில் போடலாம்.

வண்டி மூடும் உறை நல்லதுதான், எங்கள் வெயிலில் சீட்டும் பிளாஸ்டிக்கும் வெளுக்காமல் இருக்கும். சார்ஜ் ஏறும்போது மட்டும் மூட வேண்டாம், சார்ஜரின் மேலும் துணி படக்கூடாது.

முள்ளுக்கு எது: சீலன்ட்டா, பஞ்சர் கிட்டா?

சீமைக்கருவேல முள் இல்லாத சாலை சிவகங்கை மாவட்டத்தில் எங்கே இருக்கிறது? ஓரம் வெட்டிப் போட்ட மறுநாள் சக்கரத்தில் மூன்று முள் எடுத்திருக்கிறேன். டயருக்குள் முன்கூட்டியே ஊற்றிவைக்கும் சீலன்ட், சிறிய ஓட்டையைத் தானே அடைத்துவிடும். முள்ளுக்கு நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் காலப்போக்கில் காய்ந்துவிடும், பெரிய ஆணிக்குப் போதாது, பஞ்சர் கடைக்காரர் டயரைத் திறந்தால் உள்ளே பிசுபிசுப்பைப் பார்த்து முகம் சுளிப்பார்.

டியூப் இல்லாத (டியூப்லெஸ்) டயருக்கான பஞ்சர் கிட் என்றால் துருவும் கம்பி, ரப்பர் நூல், அதைச் செருகும் ஊசி, அவ்வளவுதான். சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம். இது மின் ஸ்கூட்டருக்கு முக்கியம், ஏனென்றால் டிவிஎஸ் ஐக்யூப் போன்ற வண்டிகளில் மோட்டாரே பின் சக்கரத்துக்குள் இருக்கிறது. அதன் ஒயரைப் பார்த்ததும் கிராமத்துப் பஞ்சர் கடையில் "ஷோரூமுக்கே கொண்டு போயிருங்கம்மா" என்பார்கள். நான் கிட் பக்கம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய டயரில் இரண்டு முறை செய்து பார்த்தால் கை பழகிவிடும். காற்றடிக்க, சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் சிறிய பம்ப் வாங்குங்கள். காரில் செருகும் வகைக்கு வேண்டிய சாக்கெட் பெரும்பாலான ஸ்கூட்டர்களில் இருக்காது. வாரம் ஒரு முறை காற்றைச் சரிபார்த்தால் ஒரு சார்ஜில் போகும் தூரமும் குறையாது.

உடம்புக்கு: ஜாக்கெட்டா, கையுறையும் ஷூவுமா?

மேயில் வெயில் 40 டிகிரியைத் தொடும் ஊரில், பத்து கிலோமீட்டர் போக ஜாக்கெட் போடச் சொன்னால் நான்கு நாளில் ஆணியில் தொங்கும். என்னுடையது அப்படித்தான் தொங்குகிறது. விழும்போது எல்லாரும் முதலில் கையைத்தான் ஊன்றுகிறோம், அதனால் உள்ளங்கையில் தடித்த பட்டை உள்ள வலைத்துணிக் கையுறைதான் முதல் தேவை. அடுத்தது குதிகால் மூடிய ஷூ. செருப்போடு ஓட்டி விழுந்தவரின் கால்விரலைப் பார்த்தவர்கள் மறுபடி செருப்பில் ஓட்டமாட்டார்கள். தினமும் தேவகோட்டையிலிருந்து காரைக்குடி வரை போகிற தூரம் என்றால், தோளிலும் முழங்கையிலும் பட்டை வைத்த வலைத்துணி ஜாக்கெட் வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது.

மழைக்கு மேல்சட்டை, கால்சட்டை என்று இரண்டாக இருக்கும் கோட். போர்வை மாதிரி தொங்கும் வகை காற்றில் பறந்து சக்கரத்துக்குள் போகும்.

கிராஷ் கார்டா, சேலைத் தடுப்பா?

இரும்புக் கூண்டு மாதிரியான கிராஷ் கார்டு பெரும்பாலும் காப்பது பெயின்ட்டை. எடையும் கூடுகிறது. சேலைத் தடுப்பு, பின்னால் பிடிக்கும் கம்பி, கால் வைக்கும் பலகை, இந்த மூன்றும் பின்னால் உட்காருகிறவரின் உயிருக்கானவை. மோட்டார் வாகன விதி 123ம் இவை வேண்டும் என்கிறது. வண்டியோடு வருகிறதா, கூடுதல் காசா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு பக்கமாக உட்காரும் ஆச்சிமார்களை ஏற்றிச் செல்கிற வீட்டில் இதில் பேரம் பேசவே கூடாது.

சின்னப் பிள்ளையை முன்னால் நிறுத்தி ஓட்டும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. பெட்ரோல் வண்டியில் எஞ்சின் ஓடினால் சத்தம் கேட்கும். இதில் கேட்காது. நிறுத்திப் பேசிக்கொண்டிருக்கும்போது பிள்ளை வேகம் கூட்டும் கைப்பிடியைத் (த்ராட்டில்) திருகினால் வண்டி பாயும். நின்றதும் சாவியை அணைப்பதற்கு ஈடாக எந்தச் சாமானும் கிடையாது. 4 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டும் பெல்ட்டும் ஹெல்மெட்டும் வேண்டும், வேகம் 40ஐத் தாண்டக்கூடாது. 2023 பிப்ரவரியிலிருந்து இது சட்டம்.

பார்வைக்கும் காதுக்கும்

பளீரென்ற பச்சை, ஆரஞ்சுச் சட்டை பகலிலும் மாலையிலும் கண்ணில் படும், இருட்டில் அது சாதாரணத் துணிதான். வெள்ளிநிறப் பட்டை இரவில் லாரி விளக்கொளியைத் திருப்பி அனுப்பும், பகலில் ஒன்றும் செய்யாது. புதுவயல் அரிசி ஆலைகளுக்குப் போகும் லாரிகள் இரவிலும் ஓடுகிற சாலையில் இரண்டும் சேர்ந்த மேல்சட்டையே நல்லது. அது வேண்டாம் என்றால் ஹெல்மெட்டின் பின்னாலும் பின்பெட்டியிலும் சிவப்புப் பட்டையாவது ஒட்டுங்கள். கூடுதல் எல்இடி விளக்குக்காக வண்டியின் ஒயரை வெட்டி இணைக்கும் கடைகளுக்குப் போகாதீர்கள். வாரன்ட்டி போவதோடு, ஷார்ட் ஆகும் இடத்தையும் நாமே உண்டாக்கிக் கொடுத்த மாதிரி ஆகும்.

சத்தமான ஹாரன் ஒன்றைப் பொருத்தலாமா என்று தங்கை கேட்டாள். வண்டியோடு வந்ததே போதும் என்றேன். நம் வண்டி வருவது ஆட்டுக்கும் கேட்காது, திண்ணையிலிருந்து இறங்கும் பெரியவருக்கும் கேட்காது. பத்தடி பின்னாலிருந்து பெரிய ஹாரன் அடித்தால் அவர் திடுக்கிட்டு எந்தப் பக்கம் விலகுவார் என்று சொல்ல முடியாது. தூரத்திலேயே இரண்டு முறை சின்னதாக அடித்து, வேகத்தைக் குறைத்து, விலகிப் போவதுதான் என் வழக்கம். தை மாதம் பழனிக்குக் காவடி கட்டி நடக்கிறவர்கள் குன்றக்குடிச் சாலையில் விடிவதற்கு முன்பே வரிசையாகப் போவார்கள். அந்த நாட்களில் அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தால் நான் 20க்கு மேல் ஓட்டுவதே இல்லை.