விடுதிக்கு அனுப்புவதா, வீட்டிலேயே பழக்குவதா?

நீடாமங்கலம் பக்கம் எங்கள் தெருவில் இந்த மாதம் மட்டும் மூன்று வீடுகளில் புது நாய்க்குட்டி வந்திருக்கிறது. மூன்று வீட்டிலும் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "அக்கா, இதைப் பழக்க எங்கே அனுப்பலாம்?" எங்கள் வீட்டில் முதல் நாயைப் பயிற்சி விடுதிக்கு அனுப்பினோம். இரண்டாவதை நாங்களே பழக்கினோம். நடுவில் வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுக்கும் பயிற்சியாளர் ஒருவரும் சில வாரம் வந்து போனார். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் வீட்டிலேயே பழக்குவதன் பக்கம்.

முதல் நாய் சீசர், லேப்ரடார். 2019-இல், அவனுக்கு ஐந்து மாதம் இருக்கும்போது, நகரத்தில் ஒரு விடுதியில் 45 நாள் விட்டோம். சாப்பாடு, தங்கல் எல்லாம் சேர்த்து 27,000 ரூபாய். திரும்பக் கொண்டுவந்து விட்ட அன்று வாசலில் பயிற்சியாளர் 'சிட்' என்றார், உட்கார்ந்தான். 'டவுன்' என்றார், படுத்தான். 'ஸ்டே' என்று சொல்லிவிட்டுத் தெருமுனை வரை நடந்து போனார், இவன் அசையவே இல்லை. மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நானும் கொடுத்த காசு வீண்போகவில்லை என்றுதான் நினைத்தேன்.

மூன்று மாதத்தில் அதில் ஒன்றும் மிஞ்சவில்லை.

விடுதியில் வேலை செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். அவன் கற்றுக்கொண்டான் என்பதைக் கண்ணால் பார்த்தோம். ஆனால் கற்றுக்கொண்டது அந்த மனிதரிடம், அந்தச் சிமென்ட் தரையில், அந்தக் குரலில். நாய் ஒரு இடத்தில் கற்றதை இன்னொரு இடத்துக்குத் தானாகக் கொண்டுவருவதில்லை. நாம் 'சிட்' என்ற சொல்லைத்தான் கற்றுக்கொடுத்தோம் என்று நினைக்கிறோம். அது அந்தச் சொல்லோடு சேர்த்து ஆளையும் இடத்தையும் கை அசைவையும் கற்றிருக்கிறது. எங்கள் வீட்டிலோ கணவர் 'சிட்' என்றார், அத்தை 'உக்காருடா' என்றார், மாமா 'டேய், படு' என்றார், பையன் 'டவுன்' என்று சொல்லிவிட்டு அது உட்கார்ந்தாலும் பிஸ்கட் கொடுத்தான். அவன் யார் பேச்சைக் கேட்பான்?

இன்னொன்றும் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. திரும்பி வந்த பிறகு யாராவது தோளில் கிடக்கும் துண்டை எடுத்து உதறினால் ஒடுங்கிப் போவான். அங்கே எப்படிப் பழக்கினார்கள் என்று நாங்கள் ஒருநாளும் பார்த்ததில்லை, கேட்கவும் இல்லை. அது எங்கள் தவறு. கால்நடை மருத்துவர்களில் விலங்கு நடத்தையைப் படிப்பவர்களின் அமெரிக்க அமைப்பு 2021-இல் வெளியிட்ட நிலைப்பாட்டில், எந்தப் பயிற்சியானாலும் வெகுமதி கொடுத்துப் பழக்கும் முறையைத்தான் பரிந்துரைக்கிறது. அடி, கழுத்தைச் சுண்டி இழுப்பது, மின் அதிர்ச்சிப் பட்டை எதுவும் வேண்டாம் என்கிறது. விடுதிக்குத்தான் அனுப்புவேன் என்பவர்கள் ஒரு நாள் முழுக்க அங்கே உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

இரண்டாவது வழி, வீட்டுக்கு வரும் பயிற்சியாளர். சீசருக்காகவே தஞ்சாவூரிலிருந்து ஒருவரை ஆறு ஞாயிற்றுக்கிழமை வரவழைத்தோம். இதைப் பற்றி அதிகம் சொல்ல என்னிடம் அனுபவம் இல்லை, ஆறு நாள்தான். ஆனால் அந்த ஆறு நாளில் அவர் நாயைத் திருத்தவில்லை, என்னைத் திருத்தினார். சீசர் உட்கார்ந்த பிறகு நான் பையில் கைவிட்டு முட்டைத் துண்டைத் தேடி எடுப்பதற்குள் அவன் எழுந்துவிடுவான், அப்போது கொடுப்பேன். எழுந்ததற்குத்தான் பரிசு கிடைத்தது என்று அவன் எடுத்துக்கொள்வான். ஒன்றிரண்டு விநாடிக்குள் கொடுத்தாக வேண்டும், கை தயாராக இருக்க வேண்டும் என்று அவர் சொன்ன பிறகுதான் புரிந்தது. பட்டணத்தில் இருப்பவர்களுக்கு இது நல்ல வழி. எங்களைப் போல உள்ளே தள்ளி இருக்கும் ஊர்களுக்கு ஆள் கிடைப்பதே பெரும்பாடு, பயணச் செலவு வேறு. அப்புறம் அவர் வாரத்தில் ஒரு மணி நேரம் இருப்பார், மற்ற நேரமெல்லாம் நாம்தானே.

அந்த 'மற்ற நேரம்'தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பழக்குவது பெரிய காரியமில்லை, பழக்கியதைக் காப்பாற்றுவதுதான் காரியம். நாற்று நட்டவுடன் வயல் விளைந்துவிடுவதில்லையே. விடுதியை வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காசோ தூரமோ காரணமில்லை. நாயோடு வாழப்போகிறவர்கள் யாருமே அங்கே பழகுவதில்லை என்பதுதான்.

கருப்பி வந்தது 2022 தை மாதம். நாட்டு நாய், 50 நாள் குட்டி. இந்த முறை குட்டியைக் கூடையிலிருந்து இறக்கும் முன்பே வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து சொற்களை முடிவு செய்தோம். இதைப் படிப்பவர்கள் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதை மட்டும் செய்யுங்கள். நாங்கள் முதலில் 'இரு' என்ற சொல்லைத்தான் தேர்ந்தெடுத்தோம். இரண்டே நாளில் தெரிந்தது, எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு நூறு தடவை யாராவது 'இரு வர்றேன்', 'இரு பாக்குறேன்' என்கிறார்கள். நாய்க்கு அந்தச் சொல் காற்று மாதிரி ஆகிவிடும். அதனால் 'நில்லு' என்று மாற்றினோம். 'வா' என்பதும் அப்படித்தான். வருகிற விருந்தாளியை எல்லாம் வா வா என்கிறோம். அதற்குப் பதிலாக இரண்டு தடவை நாக்கைச் சொடுக்கி 'கருப்பீ' என்று இழுத்துக் கூப்பிடுவது என்று வைத்தோம். 'உக்காரு', 'நில்லு', 'விடு', 'எடத்துக்குப் போ', இந்தக் கூப்பிடுதல். மொத்தம் ஐந்து. ஒரு அட்டையில் எழுதி அடுக்களைக் கதவில் ஒட்டினோம். அத்தைக்குக் கண்ணாடி இல்லாமல் படிக்க வராது, அதனால் பையன் தினமும் ஒப்பிக்க வைத்தான்.

தினமும் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்கிறார்கள். குட்டிக்கு ஒரு நேரத்துக்கு ஐந்து நிமிடம் போதும், அதற்கு மேல் அதன் கவனம் நிற்காது. காலை, மதியம், மாலை என்று மூன்று ஐந்து நிமிடம். வெகுமதிக்குக் கடைப் பண்டம் எதுவும் வாங்கவில்லை. அவித்த முட்டையும் வேகவைத்த ஈரலும் சுண்டைக்காய் அளவுக்கு நறுக்கி வைத்துக்கொள்வேன். நாகப்பட்டினம் கருவாடு கொடுத்தால் பறந்து வரும், ஆனால் உப்பு, அதனால் கொடுப்பதில்லை. வெங்காயம், திராட்சை, சாக்லேட் மூன்றும் நாய்க்கு நஞ்சு என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.

இரண்டு மாதத்தில் ஐந்தும் வந்துவிட்டது. அதன்பிறகு தனியாகப் பயிற்சி என்று ஒன்று இல்லை, அன்றாடத்துக்குள் கலந்துவிட்டோம். சோற்றுத் தட்டை வைக்கும் முன் 'உக்காரு'. கொல்லைக் கதவைத் திறக்கும் முன் 'நில்லு'. நாங்கள் சாப்பிட உட்காரும்போது 'எடத்துக்குப் போ'. யார் தட்டு வைத்தாலும் அதே. மூன்று வருடத்துக்கு மேல் அவளுக்கு இது மறக்காமல் இருப்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே காரணம் இதுதான்.

இதைக் கெடுப்பதும் வீட்டுக்காரர்கள்தான். சீசர் சாப்பாட்டு நேரத்தில் முன்னங்காலைத் தூக்கி அத்தை மடியில் வைப்பான். பத்து தடவை அத்தை தள்ளிவிடுவார், பதினோராவது தடவை மனசு கேட்காமல் அப்பளத்தைப் போடுவார். எப்போதாவது கிடைப்பதுதான் நாய் மனதில் மிக ஆழமாகப் பதிகிறது. தினமும் கிடைத்து ஒரு நாள் நின்றால் அது சீக்கிரம் விட்டுவிடும், என்றைக்காவது கிடைக்கும் என்று தெரிந்தால் விடவே விடாது. அத்தையிடம் இதை எடுத்துச் சொன்னபோது, "அப்ப இத்தன நாளா நாந்தான் அவனக் கெடுத்தேனா" என்று வருத்தப்பட்டார். கருப்பிக்கு இன்று வரை தட்டிலிருந்து ஒரு பருக்கை போட்டதில்லை. எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு அவள் இடத்தில் கொண்டுபோய் வைப்பார்.

சிறுநீர், மலம் பழக்குவது எல்லோரும் பயப்படும் விஷயம், ஆனால் இதுதான் சுலபம். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் கொல்லைக்குத் தூக்கிப் போய் விடுவது, போனதும் அங்கேயே வெகுமதி. குட்டிக்கு எத்தனை மாதமோ ஏறக்குறைய அத்தனை மணி நேரம்தான் அடக்க முடியும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். பழைய வீட்டுக்காரர்கள் கவனிக்க ஒன்று: முற்றம். வானம் தெரிகிறது, ஈரத் தரை, தண்ணீர் ஓடும் வழி. குட்டிக்கு அதுவும் கொல்லையும் ஒன்றுதான். அங்கே போனதற்காக மூக்கைத் தேய்ப்பது, அடிப்பது எல்லாம் வேண்டாம், நம் கண் எதிரில் போகக் கூடாது என்று மட்டும்தான் அது கற்கும். இரண்டு வாரம் முற்றத்தைச் சுற்றிப் பலகை கட்டினோம், சரியாகிவிட்டது.

வீட்டில் பழக்குவதற்கு இன்னொரு பெரிய லாபம், வயது. மூன்று வாரத்திலிருந்து ஏறக்குறைய 14 வாரம் வரைதான் குட்டி உலகத்தைப் பயமில்லாமல் ஏற்றுக்கொள்ளும் காலம். ஐந்தாம் மாதம் விடுதிக்குப் போகிற நாய்க்கு அது முடிந்து போயிருக்கும். தடுப்பூசிகள் முடியாத குட்டியைத் தெருவில் இறக்கிவிடவும் முடியாது, பார்வோ நோய் தொற்றிக்கொள்ளும். அதனால் கருப்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் ஊர் காட்டினேன். கதிர் அறுக்கும் இயந்திரம், சாலையில் நெல் காயப்போட்டுத் துழாவும் ஆட்கள், கோயில் வாசலில் தவில், பேருந்து ஹாரன். ஒவ்வொன்றுக்கும் தூரத்தில் நின்று ஒரு துண்டு முட்டை. இன்று அறுவடை இயந்திரம் பக்கத்தில் வந்தாலும் காதை மட்டும்தான் திருப்புவாள். தீபாவளி வெடிக்கு மட்டும் இன்னும் பயம் போகவில்லை, அன்று உள்ளறையில் யாராவது கூட இருக்கிறோம்.

நம் பகுதியில் தடுப்பூசி போடும்போது மருத்துவரிடம் லெப்டோ, அதாவது எலிக்காய்ச்சல், அதில் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். எலியும் தேங்கிய தண்ணீரும் உள்ள வயல்காட்டில் திரிகிற நாய்க்கு அது வேண்டும். வெறிநாய்க்கடி ஊசி மூன்றாம் மாதம், அப்புறம் மருத்துவர் சொல்கிறபடி தவறாமல்.

எலி என்றதும் 'விடு' பற்றிச் சொல்லியாக வேண்டும். மற்ற நாலும் வசதிக்கு, 'விடு' உயிருக்கு. சம்பா வயலில் கார்த்திகை, மார்கழியில் எலிக்குத் துத்தநாக பாஸ்பைடைப் பொரியிலோ அரிசியிலோ கலந்து வைக்கிறார்கள். நாய் தின்றால் வயிற்று அமிலத்தில் நச்சு வாயுவாகிவிடும், அதற்கு மாற்று மருந்து கிடையாது. வரப்பில் தஞ்சாவூர் கிட்டி என்ற எலிப்பொறி வைத்திருப்பார்கள், மூங்கில் வில் தெறித்தால் நாயின் மூக்கும் காலும் என்ன ஆகும்?

பழக்கும் விதம் இது. மூடிய கைக்குள் ஒரு பிஸ்கட். குட்டி மோந்து, நக்கி, சுரண்டும், பேசாமல் இருங்கள். மூக்கை எடுத்த அந்த நொடி மறு கையிலிருந்து ஈரல். பத்து நாள் இப்படி. அப்புறம் மூக்கை எடுக்கும்போது 'விடு' என்று சொல்லத் தொடங்குங்கள். பிறகு திறந்த உள்ளங்கை, பிறகு தரையில் காலடியில், பிறகு கயிற்றில் நடத்திக்கொண்டு கீழே கிடப்பதைத் தாண்டிப் போவது. 'விடு' என்று சொன்ன பொருளை ஒருபோதும் அதற்கே கொடுக்காதீர்கள், வேறொன்றைத்தான் கொடுக்க வேண்டும். கொடுத்தால் 'கொஞ்சம் பொறு' என்று அர்த்தமாகிவிடும். போன மார்கழியில் வாய்க்கால் கரையில் பொரி சிதறிக் கிடந்தது. கருப்பி குனிந்துவிட்டாள். 'விடு' என்றேன், நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அது வெறும் பொரியா, மருந்து கலந்ததா என்று நான் நின்று பார்க்கவில்லை, அவளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வயலில் இருக்கும் ஆபத்துக்குப் பட்டணத்து விடுதியில் எப்படிப் பழக்குவார்கள்?

பலர் நான்காவதாக ஒரு வழி வைத்திருக்கிறார்கள், பழக்கவே பழக்காமல் சங்கிலியில் கட்டிப்போடுவது. அது நாயைக் கடிக்கப் பழக்குவதுதான். எப்போதும் கட்டிவைத்து நடமாடவே விடாமல் இருப்பது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடைச் சட்டப்படி குற்றமும்கூட.

சரி, வீட்டுப் பயிற்சி எல்லோருக்கும் பொருந்துமா? காலையில் போய் இரவு வரும் இருவர் மட்டும் உள்ள வீட்டில் முடியாது, அவர்கள் குட்டி வாங்குவதையே தள்ளிப்போடலாம். ஏற்கெனவே கடித்துப் பழகிய, வளர்ந்த நாய் என்றால் நாமே கைவைக்கக் கூடாது. முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வலியினாலும் கடிக்கும். எங்கள் பக்கத்துக்கு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ராட்வீலர் போன்ற காவல் இனங்களையோ, ராஜபாளையம், சிப்பிப்பாறை போல வேட்டை ரத்தம் உள்ளவற்றையோ நான் வளர்த்ததில்லை. அவற்றுக்கு ஒரு நல்ல பயிற்சியாளர் வீட்டுக்கு வருவது அவசியமாக இருக்கலாம்.

கருப்பியிடமும் ஒரு குறை இருக்கிறது. மாசியில் அறுத்த வயலுக்கு வாத்து ஓட்டிக்கொண்டு வருவார்கள். அவ்வளவு வாத்தைப் பார்த்ததும் நான் கூப்பிடுவது அவள் காதில் விழுவதில்லை. கிடை ஆடுகளிடம் அடங்கிவிட்டாள், வாத்திடம் முடியவில்லை. அடுத்தவர் பிழைப்பு அது, ஒரு வாத்துகூடச் சாகக் கூடாது. அதனால் அந்த மாதம் முழுக்கப் பத்து மீட்டர் கயிற்றில்தான் வரப்புக்கு வருகிறாள். கயிற்றின் மறுமுனையில் நின்று தினமும் கூப்பிட்டுப் பார்க்கிறேன். இந்த வருடம் இரண்டு தடவை திரும்பி வந்திருக்கிறாள்.