போகஸ், ஃபேக், ஃபால்ஸ்: எந்தப் போலிக்கு எது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஐந்தாம் படிவப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். பெரும்பாலும் தோட்டத்துப் பிள்ளைகள். தாத்தாவின் பல் செட்டு, வேலை வாங்கித் தருவதாகச் சொல்லிப் பணத்தோடு மறைந்த ஏஜெண்டு, எல்லாவற்றுக்கும் 'ஃபேக்' என்றே எழுதுகிறார்கள்.

பல் செட்டுக்கு ஃபால்ஸ்தான் சரி. யாரையும் ஏமாற்ற மாட்டிய பல் இல்லையே அது. நாமும் பொய்ப்பல் என்கிறோம், போலிப்பல் என்பதில்லை. தீயே இல்லாமல் அலறும் அலாரமும் ஃபால்ஸ். ஏமாற்றும் எண்ணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தச் சொல் பொருந்தும். மலாய் மொழியில் நாம் சொல்லும் 'பால்சு' இதற்கு உறவு. போர்த்துகீசிய 'ஃபால்சோ' வழியாக வந்தது. வேர் இரண்டுக்கும் லத்தீன். இதைச் சொன்னால் பிள்ளைகளுக்கு ஃபால்ஸ் மறப்பதில்லை. ஆனால் மலாயில் கள்ளநோட்டும் 'வாங் பால்சு'. ஆங்கிலத்தில் அதற்குக் கவுண்டர்ஃபீட் என்று தனிச்சொல் இருக்கிறது.

ஃபேக் பெரும்பாலும் பொருளுக்கு. பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில் தொங்கும் பிராண்டு கைப்பை போல, அசலைப் பார்த்துச் செய்தது.

எனக்குப் பிடித்தது போகஸ். 1827இல் அமெரிக்காவின் ஒஹாயோவில், கள்ளக்காசு அடிக்கும் கருவியை இப்படி அழைத்தார்கள். அப்புறம் அந்தக் காசுக்கும், பிறகு பித்தலாட்டம் எல்லாவற்றுக்கும் பரவியது. என் மாணவி ஒருத்தியின் அப்பா, செம்பனைக் குலை வெட்டிச் சேர்த்த 3,000 வெள்ளியை (ரிங்கிட்டை) ஓர் ஏஜெண்டிடம் கொடுத்தார். ஆபீஸ் இருந்தது, பெயர்ப் பலகை இருந்தது, முத்திரை குத்திய ரசீதும் கிடைத்தது. வேலை மட்டும் இல்லை. ஃபேக் ஏஜெண்ட் என்றாலும் பிழையில்லைதான். ஆனால் இல்லாத தகுதியை இருப்பதாகக் காட்டிப் பணம் பறித்தவனுக்கு போகஸ்தான் பொருத்தம். அந்த வார்த்தையில் குற்றச்சாட்டே இருக்கிறது.

நம் 'போலி'யின் வேரில் அது கிடையாது. போல இருப்பது போலி, அவ்வளவுதான். இலக்கணத்தில் முகம் முகன் ஆவதும் போலிதான். பொருள் மாறுவதில்லை, யாருக்கும் நஷ்டமில்லை. அதனால்தான் போலி என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஆங்கிலம் எழுதும்போது தடுமாறுகிறார்கள்.

கள்ளச் சம்சு என்று ஒரு பையன் எழுத வந்தான். அதற்கு இந்த மூன்றும் ஆகாது. அது சாராயம்தான், லைசென்ஸ்தான் இல்லை. 'இல்லிசிட்' என்று எழுதச் சொன்னேன்.