லேப்டாப்பில் டிவி: ஒரு யூஎஸ்பி டியூனரோடு எட்டு மாதம்

பென் டிரைவை விடக் கொஞ்சம் தடிமனான ஒரு குச்சி, அடியில் காந்தம் வைத்த குட்டி ஆன்டெனா, உள்ளங்கையில் தொலைந்துபோகிற அளவுக்கு ஒரு ரிமோட், ஒரு சிடி. பெட்டிக்குள் இருந்தது இவ்வளவுதான். அந்த சிடியை எதில் போடுவது என்பது தயாரித்தவர்களுக்கே வெளிச்சம், என் லேப்டாப்பில் சிடி போடும் இடமே கிடையாது. டிரைவரை அவர்களுடைய தளத்தில் தேடிப் பிடித்து இறக்குவதற்குள் முதல் நாள் மாலை முடிந்துவிட்டது.

ஆன்டெனாவில் வரும் டிவி சிக்னலை லேப்டாப்பில் காட்டும் யூஎஸ்பி டியூனர்தான் இந்தக் குச்சி. டிவி பார்க்கத்தான் வாங்கினேன். எட்டு மாதம் கழித்து யோசித்தால், நேரலையாகப் பார்ப்பது எப்போதாவது, பதிவு செய்து வைத்துக்கொண்டு பிறகு பார்ப்பதுதான் அதிகம். அதனால் இந்த விமர்சனமும் அந்தப் பக்கமே சாயும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், குச்சி நல்ல குச்சி. கூட வந்த ஆன்டெனாவும் மென்பொருளும் தண்டம்.

வாங்குவதற்கு முன் ஒன்றை மட்டும் கட்டாயம் பாருங்கள். உங்கள் ஊரில் தரைவழி ஒளிபரப்பு, அதாவது தரையில் நிற்கும் கோபுரத்திலிருந்து ஆன்டெனாவுக்கு வருவது, எந்த முறையில் வருகிறது? ஐரோப்பாவிலும் ஆசியாவின் பல நாடுகளிலும் டிவிபி-டி அல்லது அதற்கு அடுத்த தலைமுறையான டிவிபி-டி2, வட அமெரிக்காவில் ஏடிஎஸ்சி, ஜப்பானிலும் பிரேசிலிலும் ஐஎஸ்டிபி-டி. ஒன்றுக்கான டியூனர் இன்னொன்றில் ஒரு சேனலைக்கூடக் காட்டாது. டி2 எடுக்கும் குச்சிகள் பெரும்பாலும் பழைய டி-யையும் எடுக்கும், ஆனால் வெறும் டி குச்சி டி2-வை எடுக்கவே எடுக்காது. என்னுடைய முதல் குச்சி வேலையில்லாமல் போனது அப்படித்தான். அதைத் தூக்கிப் போட மனசில்லாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. அதற்குள் இருந்தது ஆர்டிஎல்2832யூ என்கிற சிப், அந்த சிப் உள்ள குச்சிகளைப் பலவித அலைவரிசைகளைக் கேட்கும் ரேடியோவாக மாற்றலாம் என்று 2012-இல் ஆர்வலர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். இப்போது அது எஃப்எம் கேட்கவும், விமானங்கள் 1090 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும் இருப்பிடத் தகவலைப் படிக்கவும் பயன்படுகிறது. சரி, அது வேறு கதை.

இன்னொன்று. கேபிள் வயரைக் கொண்டுவந்து இதில் செருகினால் எல்லா சேனலும் வரும் என்று எண்ணி வாங்காதீர்கள். கேபிளுக்கு முறையே வேறு, அந்த முறையையும் எடுக்கும் குச்சியாக இருந்தாலும் கட்டணச் சேனல்கள் பூட்டித்தான் வரும். பூட்டில்லாமல் வானத்தில் வருவது எதுவோ அதற்குத்தான் இந்தக் குச்சி.

இப்போது ஆன்டெனா. முதல் நாள் ஸ்கேன் செய்தபோது கிடைத்தவை ஐந்து சேனல்கள், அதிலும் இரண்டு கட்டம் கட்டமாக உடைந்தன. குச்சிதான் மோசம், திருப்பி அனுப்பிவிடலாம் என்று பெட்டியில் போட்டு ஒட்டவும் செய்துவிட்டேன். பழைய அனலாக் டிவியில் சிக்னல் குறைந்தால் திரையில் புள்ளி புள்ளியாகப் பறக்கும், ஆனாலும் பார்த்துவிடலாம். டிஜிட்டலில் அந்த சமாதானமெல்லாம் இல்லை. இருந்தால் படம் பளிச்சென்று இருக்கும், கொஞ்சம் குறைந்தால் உடையும், இன்னும் கொஞ்சம் குறைந்தால் வெறும் கறுப்புத் திரை. அதனால் ஆன்டெனாவை ஒரு முழம் நகர்த்துவதில்கூட எல்லாம் மாறிவிடுகிறது.

அந்தக் குட்டி ஆன்டெனா ஏதோ அழகுக்கு அந்த உயரத்தில் இல்லை. 600 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 50 சென்டிமீட்டர், அதில் கால் பங்கு பன்னிரண்டரை சென்டிமீட்டர், ஆன்டெனாவின் உயரமும் கிட்டத்தட்ட அதுவே. ஆனால் இந்த வகை ஆன்டெனா ஒழுங்காக வேலை செய்ய அடியில் ஓர் உலோகப் பரப்பு வேண்டும். காந்தம் வைத்திருப்பதே அதற்காகத்தான், நான் அதை மர மேசையில் நிறுத்திவிட்டு சிக்னல் வரவில்லை என்று திட்டிக்கொண்டிருந்தேன். ஜன்னலோரமாக ஒரு தகர டின்னைக் கவிழ்த்து அதன் மேல் ஒட்டவைத்ததும் ஐந்து பதினொன்றானது. பிறகு வெளியே வைக்கும் சாதாரண ஆன்டெனா ஒன்றை வாங்கி ஒளிபரப்புக் கோபுரம் இருக்கும் திசைக்குத் திருப்பி வைத்தேன், அன்றிலிருந்து ஆன்டெனாவைப் பற்றி நினைக்கவே இல்லை. இடையில் ஒரு சிக்னல் பூஸ்டரும் வாங்கிப் பார்த்தேன். அது சிக்னலோடு இரைச்சலையும் சேர்த்தே பெரிதாக்கியது. மென்பொருளில் பலம், தரம் என்று இரண்டு அளவு காட்டும், பூஸ்டர் போட்டதும் பலம் ஏறியது, தரம் இறங்கியது. பார்க்க வேண்டியது தரத்தை. அப்புறம், குச்சியை நேராக லேப்டாப்பில் செருகாமல் ஒரு மீட்டர் யூஎஸ்பி நீட்டிப்பு வயரில் தொங்கவிடுங்கள். லேப்டாப்பே நிறைய மின் இரைச்சலைக் கக்கும், தள்ளி வைத்ததில் ஒரு சேனல் உடைவது நின்றது. சுட்டுக்கொண்டிருக்கும் குச்சிக்குக் கொஞ்சம் காற்றும் கிடைக்கும்.

பதிவுக்கு வருவோம், இந்தக் குச்சியை வைத்துக்கொள்ளலாம் என்று நான் முடிவு செய்தது இதனால்தான். அனலாக் காலத்து யூஎஸ்பி டியூனர்கள் பலவற்றில் படத்தைச் சுருக்கும் வேலையையும் கம்ப்யூட்டரே செய்ய வேண்டும், பதிவு பட்டனை அழுத்தியதும் விசிறி அலறும். டிஜிட்டலில் அந்த வேலை கிடையாது. ஒளிபரப்பாளர் ஏற்கெனவே சுருக்கி அனுப்பிய தரவை அப்படியே எடுத்து டிஸ்கில் எழுதுவதுதான் பதிவு. தரம் குறைய வழியே இல்லை, வானத்தில் வந்தது எதுவோ அதே கோப்பில் இருக்கும். பழைய லேப்டாப்பில் எச்இவிசி என்கிற புதிய சுருக்கும் முறையில் வரும் சேனல்களைப் போட்டால் படம் திக்கித் திக்கி ஓடும், பார்க்கவே முடியாது, ஆனால் அதே நேரத்தில் பதிவாகிக்கொண்டிருக்கும் கோப்பு சுத்தமாக இருக்கும். திரையில் உடைகிறதே என்று பதிவை நிறுத்திவிடாதீர்கள், நான் இரண்டு முறை நிறுத்தி ஏமாந்தேன்.

இடம் எவ்வளவு பிடிக்கும் என்று கேட்பவர்களுக்கு: நொடிக்கு 4 மெகாபிட் வேகத்தில் வரும் சாதாரணச் சேனல் ஒரு மணி நேரத்துக்கு 1.8 ஜிபி, 8 மெகாபிட்டில் வரும் எச்டி சேனல் 3.6 ஜிபி. இதில்தான் ஒரு கால்பந்து ஆட்டத்தைக் கோட்டைவிட்டேன். டிஸ்கில் இடமில்லை என்று ஒரு பெரிய பென் டிரைவைச் செருகிப் பதிவு போட்டுவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் கோப்பு ஒரு மணி நேரம் பதினோரு நிமிடத்தில் நின்றிருந்தது, இரண்டாம் பாதி தொடங்கிய சற்று நேரத்தில். பென் டிரைவ் ஃபேட்32 வடிவத்தில் இருந்திருக்கிறது, அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது. ஒழுங்கான மென்பொருளாக இருந்தால் அடுத்த கோப்பைத் தொடங்கியிருக்கும், கூட வந்த மென்பொருள் வாயைத் திறக்காமல் நின்றுவிட்டது. என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்தால் இந்தத் தொல்லை இல்லை.

அந்த மென்பொருளைப் பற்றி நிறையச் சொல்லலாம், சொல்ல மனமில்லை. பட்டன்களெல்லாம் பழைய மியூசிக் பிளேயர் மாதிரி பளபளவென்று இருக்கும், நிகழ்ச்சிப் பட்டியலைத் திறந்தால் பாதி காலியாக இருக்கும். வெறுமனே பார்க்க விஎல்சி போதும். பதிவுக்கு விண்டோஸில் நெக்ஸ்ட்பிவிஆர், லினக்ஸில் டிவிஹெட்எண்ட். நான் கடைசியில் லினக்ஸுக்கே போய்விட்டேன். அங்கே டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலிலேயே இருந்தது, குச்சிக்குள் ஏற்றப்படும் ஃபர்ம்வேர் கோப்பு ஒன்றை மட்டும் சரியான இடத்தில் வைக்க வேண்டியிருந்தது. டிவிஹெட்எண்டை முதலில் அமைப்பது கொஞ்சம் தலைவலிதான், நெட்வொர்க், மக்ஸ், சர்வீஸ் என்று ஒவ்வொன்றாக அமைக்க வேண்டும், ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். ஆனால் அதைச் செய்த பிறகு ஒரு சந்தோஷம் காத்திருக்கிறது. டிஜிட்டல் ஒளிபரப்பில் ஒரே அலைவரிசையில் பல சேனல்கள் சேர்ந்தே வரும், அந்த மூட்டைக்குத்தான் மக்ஸ் என்று பெயர். ஒரே மக்ஸில் இருக்கும் மூன்று சேனல்களை ஒரே குச்சியில் ஒரே நேரத்தில் பதிவு செய்யலாம். வேறு மக்ஸில் இருக்கும் சேனல் வேண்டுமென்றால் மட்டுமே இரண்டாவது டியூனர் தேவை. பெட்டியின் மேல் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, கூட வந்த மென்பொருளுக்கும் இது தெரியாது.

நேரம் குறித்து வைத்துப் பதிவு செய்வதில் குச்சியை விட லேப்டாப்தான் சதி செய்யும். மூடியை மூடினால் தூங்கிவிடும், தூங்கினால் பதிவு போச்சு. விண்டோஸில் பவர் அமைப்புகளில், தூங்கும் லேப்டாப்பைக் குறித்த நேரத்தில் எழுப்பும் வேக் டைமரை அனுமதிக்க வேண்டும், மூடியை மூடினால் ஒன்றும் செய்யாதே என்று சொல்லி வைக்க வேண்டும், சும்மா இருக்கும் யூஎஸ்பி கருவிகளைத் தூங்கவைக்கும் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டையும் நிறுத்திவிடுவது நல்லது. இவ்வளவும் செய்துவிட்டு அதே லேப்டாப்பை மூடிப் பைக்குள் போட்டுவிடாதீர்கள், உள்ளே ஓடிக்கொண்டே வெந்துவிடும். சார்ஜரையும் செருகி வையுங்கள், இந்தக் குச்சி சும்மா இருக்கும்போதுகூட பேட்டரியைக் குடிக்கிறது. நிகழ்ச்சிகள் சொன்ன நேரத்துக்கு முடிவதில்லை என்பதால் முன்னால் ஐந்து நிமிடமும் பின்னால் பதினைந்து நிமிடமும் சேர்த்தே பதிவு போடுகிறேன்.

பதிவான கோப்பு, ஒளிபரப்பில் வந்த அதே டிஎஸ் வடிவத்தில் இருக்கும். சில பிளேயர்களில் முன்னே பின்னே நகர்த்தினால் தடுமாறும். எஃப்எஃப்எம்பெக் என்கிற மென்பொருளை வைத்து மறுபடி சுருக்காமல் எம்கேவி வடிவத்துக்கு மாற்றினால் ஒன்றிரண்டு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும், தரமும் அப்படியே இருக்கும். வேகமாக எதாவது நகரும் காட்சியில் ஓரங்கள் சீப்புப் பல் மாதிரி தெரிந்தால் பயப்பட வேண்டாம், படத்தின் வரிகளை ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டு தவணையில் அனுப்பும் இன்டர்லேஸ் முறையில் ஒளிபரப்பு வருவதுதான் காரணம், பிளேயரில் டீஇன்டர்லேஸை ஆன் செய்தால் சரியாகிவிடும். விளம்பரங்களை வெட்டியும் எறியலாம், ஆனால் மறுபடி சுருக்காமல் வெட்டும்போது நினைத்த ஃபிரேமில் வெட்ட முடியாது, பக்கத்தில் இருக்கும், முழுப் படமாகவே பதிந்த கீ ஃபிரேமில்தான் வெட்டும், அதனால் சோப்பு விளம்பரத்தின் கடைசி அரை நொடி எப்படியோ ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது.

ரிமோட்டைச் சொல்ல மறந்துவிட்டேன். அதற்கான உணரி குச்சியின் நுனியில் இருக்கிறது. குச்சியோ லேப்டாப்பின் பின்னால், வயரில் தொங்கிக்கொண்டு சுவரைப் பார்த்திருக்கிறது. ரிமோட் இன்னும் பெட்டிக்குள்ளேயே, அந்த சிடிக்குத் துணையாக.